காய்ந்த பைக்கற்றுக்குள் தண்ணீர்

அன்புள்ள ஐயா,

முள்ளியவளையிலிருந்து எழுதுகிறேன். உயர்தர வகுப்புக்கு இரசாயனவியல் படிப்பிக்கிறேன். என் தங்கை பல்கலைக்கழகத்தில் கடைசி வருடம். ஒரு அமினையும் ஒரு காபொட்சிலிக் அமிலத்தையும் சேர்த்தால் வருகிற சேதன உப்பு ஒன்றின் பளிங்குக் கட்டமைப்பும், அதற்குள் இருக்கிற ஐதரசன் பிணைப்புகளும்தான் அவளுடைய ஆய்வு. போன கிழமை வீட்டுக்கு வந்தபோது அறிக்கையைக் காட்டினாள். பக்கம் பக்கமாக எண்கள். தூரமெல்லாம் தசமத்துக்குப் பிறகு மூன்று இடம். அப்பா எட்டிப் பார்த்துவிட்டு, “உப்பெண்டா உப்புத்தானே பிள்ளை, அதுக்குள்ள என்னத்தைத் தேடுறாய்?” என்று கேட்டார். அவள் சிரித்துவிட்டு எழும்பிப் போய்விட்டாள்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. பதினொரு வருடமாக நானும் கரும்பலகையில் ஐதரசன் பிணைப்புக்குப் புள்ளிக்கோடு போடுகிறேன். அது பலவீனமான பிணைப்பு என்று சொல்லிவிட்டு அடுத்த பாடத்துக்குப் போய்விடுவேன். அந்தப் புள்ளிக்கோடு உண்மையிலேயே அங்கே இருக்கிறதா? மூன்றாம் தசமம் யாருக்கு வேண்டும்? எங்கள் மாதிரி இடத்திலிருந்து போகிற பிள்ளைக்கு இந்த ஆராய்ச்சியால் என்ன?

க.,
முள்ளியவளை

*

அன்புள்ள க.,

உங்கள் அப்பாவுக்கு நல்ல துணை இருக்கிறது. 1913 இல் பிராக் என்ற தகப்பனும் மகனும் எக்ஸ் கதிரைக் கொண்டு கறியுப்பின் பளிங்குக்குள் பார்த்தார்கள். ஒரு சோடியத்துக்கு ஒரு குளோரீன் என்று சோடி சோடியாக அங்கே ஒன்றுமில்லை. ஒவ்வொரு சோடியத்தையும் சுற்றி ஆறு குளோரீன், ஒவ்வொரு குளோரீனையும் சுற்றி ஆறு சோடியம், சதுரங்கப் பலகைபோல. இரண்டு வருடத்தில் நோபல் பரிசும் கிடைத்தது. மகனுக்கு அப்போது வயது 25. ஆனால் ஹென்றி ஆம்ஸ்ட்ரோங் என்ற பழைய இரசாயனவியலாளருக்கு இது பொறுக்கவேயில்லை. எண்பதை நெருங்கிய வயதில், 1927 இல், ‘பாவம், கறியுப்பு’ என்ற தொனியில் தலைப்புப் போட்டு ‘நேச்சர்’ இதழுக்குக் கடிதம் எழுதினார். உப்பை உப்பாக விடுங்கள், சதுரங்கப் பலகை ஆக்காதீர்கள் என்பதுதான் சாரம். ஆகவே உங்கள் அப்பாவின் கேள்வியைத் தெரியாத்தனம் என்று நினைக்கவேண்டாம். பெரிய ஆட்கள் கோபத்தோடு கேட்ட கேள்வி அது.

அவருக்குப் பதில் சொல்ல என்னிடம் ஒரு பைக்கற் இருக்கிறது.

1996 இல் கிளிநொச்சியை விட்டு வெளிக்கிட்டு மல்லாவிப் பக்கம் இருந்தோம். எனக்குப் பதினேழு வயது. மாரி தொடங்கிவிட்டது. தரப்பாளுக்குக் கீழே நெருப்புப்பெட்டி பற்றாது, போத்தலில் இருந்த கறியுப்புக் கசிந்து அடியில் தண்ணீராக நிற்கும், போட்டிருக்கிற உடுப்பு மூன்று நாளாகியும் காயாது. ஒரு கொட்டிலில் வயிற்றோட்டம் வந்தால் அந்த வரிசை முழுக்கப் போகும். மருந்து கொடுக்கிற இடத்தில் தண்ணீர் கொதிக்கவைத்து ஆற்றுவது என் வேலை. வயிற்றோட்டக்காரருக்குத் தண்ணீரில் கரைத்துக் குடிக்கக் கொடுக்கிற ஜீவனிப் பைக்கற்றை நான் முதன்முதலில் கையில் பிடித்தது அங்கேதான். மூலையைப் பல்லால் கிழித்துச் சரித்தால் தூள் கோடைகாலத்து மணல்மாதிரிச் சரசரவென்று விழும். சுற்றிவர எல்லாம் நசநசவென்று இருக்க, இது மட்டும் எப்படி இப்படிக் காய்ந்து கிடக்கிறது என்று எனக்கு ஆச்சரியம். அந்த ஆச்சரியத்தில் ஒருநாள் தண்ணீரளவைக் கோட்டைவிட்டேன். லீற்றர்ப் பாத்திரத்துக்குப் பதிலாகக் கைக்கு வந்த சோடாப் போத்தலால் அளந்து ஊற்றிவிட்டேன். அங்கே நின்ற தாதி அக்கா செருப்பைக் கழற்றாத குறை. “உப்புக் கூடினா பிள்ளையின்ரை உடம்பில இருக்கிற தண்ணியையும் அது இழுத்துப்போடும், விளங்குதோ?” என்றார். அப்போது விளங்கவில்லை.

தூள் காய்ந்திருந்ததற்கு முதல் காரணம் அலுமினியத் தாள், அதை மறைக்கமாட்டேன். ஆனால் பின்னாளில் படித்தபோதுதான் தெரிந்தது: அந்தத் தாளுக்கு உள்ளேயே தண்ணீர் இருந்தது.

இன்றைக்கு உலகச் சுகாதார நிறுவனம் சொல்கிற அளவு இது. ஒரு லீற்றருக்கு 13.5 கிராம் குளுக்கோசு, 2.6 கிராம் கறியுப்பு, 1.5 கிராம் பொட்டாசியம் குளோரைட்டு, 2.9 கிராம் மூசோடியம் சிற்றிரேற்று இருநீரேற்று. கடைசியாக இருக்கிறதே, அதுதான் சேதன உப்பு. தேசிக்காயின் புளிப்பான சிற்றிரிக் அமிலத்தில் மூன்று புரோத்தன்களை, அதாவது இலத்திரனை விட்டுவிட்டு வருகிற ஐதரசன்களை, கழற்றிவிட்டு, அந்த இடத்துக்கு மூன்று சோடியம் அயன்களை வைத்தால் வருவது. ‘இருநீரேற்று’ என்றால் ஒவ்வொரு சிற்றிரேற்றுக்கும் இரண்டு தண்ணீர் மூலக்கூறு. கணக்குப் பாருங்கள்: மூலக்கூற்று நிறை 294, அதில் தண்ணீர் 36. நிறையில் 12 வீதத்துக்குச் சற்று மேலே. 2.9 கிராம் தூளில் ஏறக்குறைய 0.35 கிராம் வெறும் தண்ணீர். ஆனாலும் கையில் ஒட்டாது.

உங்கள் அப்பா வயல் செய்கிறவரா என்று தெரியாது. முள்ளியவளை என்றபடியால் செய்கிறவர் என்றே வைத்துக்கொள்கிறேன். அப்படியானால் காய்ந்த பொருளுக்குள் தண்ணீர் இருக்கும் என்பதை அவருக்கு நான் சொல்லித்தரத் தேவையில்லை. நெல் சந்தைப்படுத்தும் சபைக்கு நெல் கொண்டுபோனால் ஈரப்பதன் 14 வீதத்துக்கு மேலே போகக்கூடாது. அள்ளினால் கலகலவென்று கொட்டுகிற நெல்லுக்குள்ளும் அவ்வளவு தண்ணீர் இருக்கிறது. வித்தியாசம் என்னவென்றால், நெல்லின் ஈரம் 13 ஆகவும் இருக்கும், 17 ஆகவும் இருக்கும்; வெயிலைப் பொறுத்தது, தெருவில் பரப்பி எத்தனை நாள் காயவிட்டோம் என்பதைப் பொறுத்தது. இந்தப் பளிங்குக்குள் அந்தப் பேச்சுக்கே இடமில்லை. சிற்றிரேற்று ஒன்றுக்குத் தண்ணீர் இரண்டு. ஒன்றே முக்கால் கிடையாது, இரண்டே கால் கிடையாது. ஏன்?

ஏனென்றால் அந்தத் தண்ணீருக்கு அங்கே இடம் ஒதுக்கியிருக்கிறது. நனைந்து ஊறின தண்ணீர் இல்லை அது. தண்ணீரின் ஒட்சிசன் சோடியம் அயனோடு சாய்ந்து நிற்கிறது. அதன் இரண்டு ஐதரசன்களும் அயலில் உள்ள ஒட்சிசன்களை நோக்கி நீட்டிக்கொண்டு நிற்கின்றன. நீங்கள் போடுகிற புள்ளிக்கோடு இதுதான். அதை அறுத்துத் தண்ணீரை வெளியே விரட்ட 150 பாகை செல்சியசு அளவுக்குச் சூடாக்கவேண்டும். பானையில் கொதிக்கிற தண்ணீர் 100 பாகையில் ஆவியாகப் போய்விடும். காய்ந்த தூளுக்குள் இருக்கிற தண்ணீர் அதற்கும் அசையாது. ‘பலவீனமான பிணைப்பு’ என்று வகுப்பில் சொல்கிறீர்களே, அந்த வசனத்தோடு எனக்குச் சண்டை இருக்கிறது. எண்ணளவில் நீங்கள் சொல்வது சரி. ஒட்சிசன்–ஐதரசன் பங்கீட்டுவலுப் பிணைப்பை உடைக்க மூலுக்கு 460 கிலோயூல் அளவில் வேண்டும், தண்ணீருக்கிடையிலான ஐதரசன் பிணைப்புக்கு 20 கிலோயூல் போதும். ஆனால் உப்புக்குள் ஐதரசனை நீட்டுகிற பக்கத்திலோ அதை வாங்குகிற பக்கத்திலோ மின்னேற்றம் நிற்கிறது. உங்கள் தங்கையின் உப்பில் இரண்டு பக்கமும் நிற்கும்: அமினின் நேரேற்றம் உள்ள நைதரசனிலிருந்து அமிலத்தின் மறையேற்றம் உள்ள ஒட்சிசனுக்கு. அங்கே இந்தப் பிணைப்பு இன்னும் இறுக்கமாக இருக்கும்.

இந்தச் சிற்றிரேற்று பைக்கற்றுக்குள் வந்தது பிந்தித்தான். 1971 இல் வங்காள அகதிகள் எல்லை தாண்டி இந்தியாவுக்கு வந்தபோது, பொங்காவ் முகாமில் கொலரா. நாளத்தில் ஏற்றுகிற திரவம் முடிந்துபோக, திலீப் மகாலனாபிஸ் என்ற மருத்துவர் குளுக்கோசையும் கறியுப்பையும் அப்பச்சோடாவையும் கலந்து வாயால் குடிக்கக் கொடுத்தார். 30 வீதம் அளவில் இருந்த சாவு 4 வீதத்துக்கும் கீழே போனது. அப்போதே கலந்து அப்போதே குடித்ததால் அப்பச்சோடாவில் குறையில்லை. பைக்கற்றில் அடைத்து வெக்கையும் ஈரமும் உள்ள ஊர்களில் மாதக்கணக்கில் வைத்தபோதுதான் சிக்கல். சோடாவின் காரத்தன்மையில் குளுக்கோசு கெட்டு, தூள் மண்ணிறமாகிக் கட்டிபட்டது. 1984 இல் சோடாவுக்குப் பதிலாகச் சிற்றிரேற்றைப் போடச் சொன்னார்கள். எங்களுடைய மாதிரி வெக்கைக்கும் மாரிக்கும் என்றே செய்த மாற்றம் என்று சொல்லலாம்.

இப்போது அந்தத் தாதி அக்காவின் ஏச்சுக்கு வருகிறேன். தயாரிக்கிற இடத்தில் யாராவது இருநீரேற்றுக்குப் பதிலாகத் தண்ணீர் நீங்கின சிற்றிரேற்றை அதே 2.9 கிராம் நிறுத்துப் போட்டால் என்ன நடக்கும்? தண்ணீர் இருந்த இடத்தையும் உப்பே பிடிக்கும். சிற்றிரேற்று ஏழில் ஒரு பங்கு கூடிவிடும், அதோடு வருகிற சோடியமும் கூடும். ஒரு பைக்கற்றால் ஆள் சாகாது. ஆனால் நான் சோடாப் போத்தலால் செய்த அதே வகைப் பிழை அது, தொழிற்சாலை அளவில். அதனால்தான் ‘இருநீரேற்று’ என்ற சொல்லை அந்த அளவுப் பட்டியலில் விடாமல் எழுதுகிறார்கள். அந்தச் சொல்லைப் பளிங்குக்குள் அணு அணுவாகப் பார்த்து உறுதிப்படுத்தியது உங்கள் தங்கை செய்கிற அதே வேலைதான்.

பிறகு, உங்கள் வீட்டுக் குளிசைகளையும் ஒருக்கால் பாருங்கள். சலரோகத்துக்குக் கிளினிக்கில் தருகிற மெற்போமின் ஐதரோகுளோரைட்டு, பிரசருக்கு லொசாற்றன் பொட்டாசியம், மூட்டு நோவுக்கு டைக்ளோபினாக் சோடியம். இரண்டாவது சொல்லை யாரும் வாசிப்பதில்லை. எல்லாம் உப்புத்தான்.

மூன்றாம் தசமத்துக்கு வருவோம். அமினையும் அமிலத்தையும் சேர்த்தால் உப்புத்தான் வரும் என்று ஒரு கட்டாயமும் இல்லை. அமிலம் தன் புரோத்தனைக் கொடுத்தால் உப்பு. கொடுக்காமல் நீட்டிக்கொண்டு மட்டும் நின்றால் அது இரண்டு நடுநிலை மூலக்கூறுகள் பக்கத்தில் பக்கத்தில் அடுக்கின பளிங்கு, உப்பே இல்லை. கொடுத்ததா இல்லையா என்று புரோத்தனையே பார்த்துக் கேட்டால் என்ன? அங்கேதான் சிக்கல். எக்ஸ் கதிருக்குத் தெரிவது இலத்திரன்கள். ஐதரசனிடம் இருப்பது ஒன்றே ஒன்று, அதையும் பக்கத்து அணு தன்பக்கம் இழுத்து வைத்திருக்கும். எக்ஸ் கதிர்ப் படத்தில் ஐதரசன் மங்கலாக, இருக்கவேண்டிய இடத்துக்குக் கொஞ்சம் உள்ளே தள்ளித் தெரியும். நேராகப் பார்க்க நியூத்திரன் கற்றை வேண்டும், அது எல்லா இடத்திலும் கிடைக்காது. ஆகவே சாட்சியை அயலில் விசாரிக்கவேண்டும். புரோத்தனைக் கொடுக்காத அமிலத்தில் காபனுக்கும் இரண்டு ஒட்சிசனுக்கும் இடையிலான தூரங்கள் இரண்டு விதம்: ஒன்று 1.21 அங்ஸ்ட்ரோம் அளவில், மற்றது 1.31 அளவில். கொடுத்துவிட்டால் இரண்டும் 1.25 அளவில் ஒன்றுபோல வந்து நிற்கும். ஒரு அங்ஸ்ட்ரோம் என்பது சென்ரிமீற்றரில் பத்துக் கோடியில் ஒரு பங்கு. அதிலும் பத்தில் ஒன்றை வைத்துத் தீர்ப்புச் சொல்லவேண்டும் என்றால் அளவுப் பிழை மூன்றாம் தசமத்தில் நின்றால்தான் நம்பலாம். தங்கையின் அட்டவணையில் இந்த இரண்டு எண்களையும் முதலில் தேடிப் பாருங்கள். அவை ஒன்றுக்கொன்று கிட்ட இருந்தால், தலைப்பில் ‘உப்பு’ என்று எழுத அவளுக்கு உரிமை இருக்கிறது.

கடைசிக் கேள்விக்குச் சுருக்கமாகத்தான் பதில். எங்கள் மாதிரி இடத்துப் பிள்ளைக்கு இதனால் என்ன என்று கேட்கிறீர்கள். கொழும்பிலிருந்து போகிற பிள்ளையிடம் இந்தக் கேள்வியை யாரும் கேட்பதாக நான் அறியேன். நாங்களும் விட்டுவிடுவோம்.

அதைவிட, உங்கள் வகுப்பில் செய்யக்கூடிய ஒன்றைச் சொல்கிறேன். கடையில் விற்கிற சிற்றிரிக் அமிலத் தூள் 10 கிராம் நிறுத்து, முப்பது மில்லிலீற்றர் வெதுவெதுப்பான தண்ணீரில் கரையுங்கள். அப்பச்சோடாவை நுனிக்கரண்டியால் கொஞ்சம் கொஞ்சமாகப் போடுங்கள், பொங்கி வழியும், அவசரம் வேண்டாம். பிள்ளைகளிடம் முகவையைத் தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள், உள்ளங்கையில் குளிரும். பொங்குவது நின்றதும் எவ்வளவு சோடா போனது என்று குறித்துக்கொள்ளுங்கள். சிற்றிரிக் அமிலம் இரண்டு விதமாகப் பளிங்காகும்: குளிர்ந்த நீரிலிருந்து வந்தால் மூலக்கூறு ஒன்றுக்கு ஒரு தண்ணீரோடு, 36 பாகை அளவுக்கு மேலே, எங்கள் சித்திரை வெயிலின் சூட்டில், தண்ணீரே இல்லாமல். தண்ணீர் உள்ள தூள் என்றால் 10 கிராமுக்குச் சோடா 12 கிராம் போகும், இல்லாத தூள் என்றால் 13 கிராம். அந்த ஒரு கிராமுக்காக நல்ல தராசு வேண்டும். கரைசலைப் பிறகு தட்டில் ஊற்றித் துணியால் மூடி நிழலில் வையுங்கள். பாகுமாதிரி நாட்கணக்கில் இழுத்தடிக்கும், மாரியென்றால் இன்னும் மோசம். பொறுத்திருந்தால் ஓரத்திலிருந்து பளிங்கு பிடிக்கும்.

அப்பாவையும் கூப்பிட்டுக் காட்டுங்கள். சோடா 12 இல் நின்றதா 13 இல் நின்றதா என்று எனக்கு எழுதுங்கள்.