எஞ்சினை ஆளும் பெட்டி: ரேஸ் காரிலும் விமானத்திலும் – கேள்வி பதில்

எஞ்சின் கண்ட்ரோல் எலக்ட்ரானிக்ஸ், அதாவது எஞ்சினை ஆளும் கணினிப் பெட்டி (ஈசியூ) பற்றி நண்பர்கள் அனுப்பிய கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

ரேஸ்பித்தன்: ஃபார்முலா 1 அணிகள் எல்லாமே ஒரே ஈசியூவைத்தான் மாட்டுகின்றனவாமே? அப்புறம் போட்டிக்கு என்ன அர்த்தம்?

ஆமாம், 2008 முதல் அப்படித்தான். இங்கிலாந்தின் வோக்கிங்கில் இருந்த மெக்லாரன் எலக்ட்ரானிக் சிஸ்டம்ஸ் (மெக்லாரன் பந்தய அணியின் குழும நிறுவனம்), மைக்ரோசாஃப்டோடு சேர்ந்து அந்த ஒப்பந்தத்தை வாங்கியது. முதலில் வந்தது டாக்-310பி என்ற மாடல். 2014-இன் வி6 டர்போ ஹைப்ரிட் எஞ்சின்களுக்கு டாக்-320.

இதற்கு ஒரு பழைய கதை உண்டு. 1994-இல் டிராக்‌ஷன் கண்ட்ரோல் (சக்கரம் வழுக்காமல் தானே அடக்கும் வசதி) போன்ற உதவிகளைத் தடை செய்தார்கள். அந்த வருடமே பெனட்டன் அணியின் சாஃப்ட்வேரைச் சோதித்தபோது, மெனுவில் மறைந்திருந்த லாஞ்ச் கண்ட்ரோல் (புறப்படும்போது சக்கரம் வழுக்காமல் பார்த்துக்கொள்ளும்) வசதி கிடைத்தது. ஆனால் பந்தயத்தில் அதைப் பயன்படுத்தினார்கள் என்று நிரூபிக்க முடியவில்லை. ஒவ்வொரு அணியும் தன் சொந்தப் பெட்டியில் சொந்த சாஃப்ட்வேர் ஓட்டினால் யார் எதைப் பிடிப்பது? கடைசியில் 2001-இல் ஸ்பெயின் பந்தயத்திலிருந்து, விதிகளை வகுக்கும் அமைப்பான எஃப்.ஐ.ஏ.வே டிராக்‌ஷன் கண்ட்ரோலை மறுபடி அனுமதித்தது. பெட்டியைப் பொதுவாக்கிய பிறகுதான், 2008-இல், தடை உண்மையாகவே தடையானது. என்னைக் கேட்டால் அந்தப் பெட்டியின் முதல் வேலை காவல், எஞ்சினெல்லாம் அப்புறம்தான்.

போட்டி எங்கும் போகவில்லை. பெட்டி ஒன்றுதான், ஆனால் அதில் நிரப்பும் மேப்புகளை (எந்த நிலையில் எவ்வளவு எரிபொருள், எப்போது ஸ்பார்க் என்ற அட்டவணைகளை) அவரவர் எஞ்சினுக்கு ஏற்ப அவரவரே உருவாக்குகிறார்கள்.

வெங்காயவெடி: எதிரி அணியின் குழுமம் செய்த பெட்டியை ஃபெராரி எப்படி நம்பியது?

ஆரம்பத்தில் முணுமுணுப்பு இருந்தது. ஆனால் அது பந்தய அணியிலிருந்து தனியாக இயங்கிய நிறுவனம். தலைக்கு மேல் எஃப்.ஐ.ஏ.வும் இருந்தது. பிற்பாடு மெக்லாரன் அப்ளைட் என்று பெயர் மாறி, 2021-இல் கிரேபுல் கேப்பிட்டலுக்கு விற்கப்பட்டது. அதோடு இந்தக் கேள்விக்கே வேலை இல்லாமல் போனது.

டூவீலர்தாஸ்: என் பிஎஸ்6 பைக்கிலும் ஈசியூ இருக்கிறது. ரேஸ் பெட்டி எதில் உசத்தி?

அடிப்படை வேலை ஒன்றுதான். கிராங்க் (எஞ்சினின் சுழலும் தண்டு) எங்கே நிற்கிறது, காற்று எவ்வளவு வருகிறது, சூடு எவ்வளவு என்று பார்த்து, எரிபொருளையும் ஸ்பார்க்கையும் நேரத்துக்குக் கொடுப்பது. வேகத்தில்தான் வித்தியாசம். 15,000 ஆர்பிஎம்மில் ஒரு சுற்றுக்கு 4 மில்லிசெகண்ட். கிராங்க் ஒரு டிகிரி திரும்ப சுமார் 11 மைக்ரோசெகண்ட். அதற்குள் கணக்கு முடிந்திருக்க வேண்டும். கியர், கிளட்ச், டிஃபரென்ஷியல், ஹைப்ரிட் மோட்டார் எல்லாமும் அதன் கையில்தான்.

சென்சார் ஒன்று படுத்துவிட்டாலும் பிட்டிலிருந்து சரிசெய்ய முடியாது. காருக்குள் கட்டளை அனுப்புவது 2003 முதல் தடை. ரேடியோவில் எஞ்சினியர் 'டீஃபால்ட்' நம்பர் ஒன்றைச் சொல்ல, ஓட்டுநர் முந்நூறு கிலோமீட்டர் வேகத்தில் ஸ்டியரிங்கைத் திருகுவதைப் பார்த்திருப்பீர்கள். கெட்டுப்போன சென்சாரை மறந்துவிடு என்று பெட்டிக்குச் சொல்கிறார், அவ்வளவுதான்.

ஓவல்_ரசிகன்: நாஸ்காரிலும் இவர்கள்தானா?

ஆமாம். 2012 வரை, அமெரிக்க கார் பந்தயமான நாஸ்காரின் முதல்நிலைத் தொடரில் கார்புரேட்டர்தான்! அந்த ஆண்டு ஃப்யூயல் இன்ஜெக்‌ஷன் வந்தபோது, ஃப்ரீஸ்கேல் சிப்போடு மெக்லாரனின் பெட்டியும் வந்தது. இன்னொரு அமெரிக்கத் தொடரான இண்டிகாரிலும் அதே ஆண்டில்தான்.

ஜெட்தாகம்: இதே பெட்டியை விமான எஞ்சினில் மாட்டலாமா?

கூடாது. இரண்டும் ஒரே மாதிரி கணக்குத்தான் போடுகின்றன, ஆனால் பழுதானால் என்ன செய்வது என்பதில் நேர் எதிர். ரேஸ் காரில் சந்தேகம் வந்தால் எஞ்சினை அணைத்து ஓரம் கட்டலாம். வானத்தில் ஓரம் ஏது?

விமானத்தில் இதற்குப் பெயர் ஃபடெக், அதாவது முழு அதிகாரம் கொண்ட டிஜிட்டல் எஞ்சின் கண்ட்ரோல். பயணிகள் விமானங்களில் 1984-இல் போயிங் 757-இன் பிராட் அண்ட் விட்னி பிடபிள்யூ2037 எஞ்சினோடு முழு அதிகார வடிவில் வந்தது. பைலட்டின் லீவருக்கும் எரிபொருள் வால்வுக்கும் நடுவே கேபிள் கிடையாது, கணினி மட்டும்தான். அதனால் உள்ளே எல்லாமே இரட்டை: இரண்டு சேனல், முக்கியமான சென்சார்களும் இரண்டிரண்டு. கரண்ட்கூட எஞ்சினே சுழற்றும் தனி ஆல்டர்னேட்டரிலிருந்து. ஒரு சேனல் செத்தால் மற்றது எடுத்துக்கொள்ளும். சாஃப்ட்வேருக்கு, விமான சாஃப்ட்வேருக்கான டிஓ-178 விதிகளில் மிகக் கடுமையான 'ஏ' நிலை. எழுதும் நேரத்தைவிடச் சோதிக்கும் நேரம்தான் அதிகம்.

இரட்டிப்பும் எல்லாவற்றையும் காப்பாற்றாது. 2015 மே 9 அன்று ஸ்பெயினின் செவில்லில் ஏர்பஸ் ஏ400எம் ராணுவ விமானம் ஒன்று சோதனை ஓட்டத்தில் விழுந்து நால்வர் இறந்தார்கள். சாஃப்ட்வேர் ஏற்றும்போது மூன்று எஞ்சின்களின் டார்க் (சுழற்று விசை) அளவீட்டுத் தரவு அழிந்துபோயிருந்தது. அந்தத் தரவு இல்லாமல் ஃபடெக்குக்குத் தன் எஞ்சின் எவ்வளவு டார்க் தருகிறது என்றே தெரியாது. ஒரே தவறு மூன்று எஞ்சின்களிலும் இருந்தால், எத்தனை சேனல் இருந்து என்ன?

கோவைக்காரன்: நரேன் கார்த்திகேயன் ஓட்டியது எந்தக் காலம்?

இரண்டு காலமும்! 2005-இல் ஜோர்டான் அணி, டிராக்‌ஷன் கண்ட்ரோல் அனுமதி இருந்த நாட்கள். 2011, 2012-இல் எச்ஆர்டி அணி. பொது ஈசியூ, பின்சக்கரத்தை அடக்குவது முழுக்க வலது காலின் பொறுப்பு.

இசிஇ_மூணாம்வருஷம்: இந்தத் துறைக்கு வர என்ன படிக்க, அண்ணா?

சி மொழி, சிமுலிங்க் (கண்ட்ரோல் மாதிரிகளை உருவாக்கும் சாஃப்ட்வேர்), கேன் பஸ் (வண்டியின் பெட்டிகள் தமக்குள் பேசும் இணைப்பு) மூன்றும் கண்டிப்பாக வேண்டும், தம்பி. அதோடு கோவை கரி மோட்டார் ஸ்பீட்வேயில் நடக்கும் மாணவர் கார் போட்டியான ஃபார்முலா பாரத்துக்கு உங்கள் கல்லூரி கார் கட்டுகிறதா என்று பாருங்கள். கட்டினால் வயரிங் பக்கம் சேருங்கள். எல்லோரும் சஸ்பென்ஷனுக்கு ஓடுவார்கள், அங்கே ஆள் கிடைக்காது.