குழாயை அளந்துவிட்டு ரேடியேட்டர் வாங்குங்கள்

குளிர்காலம் எட்டிப் பார்க்கிற மாதம் வந்தாலே எனக்கு வரும் கேள்விகள் ரேடியேட்டர் பக்கம், அதாவது பாய்லரில் காய்ந்த தண்ணீர் உள்ளே ஓடி அறையைச் சூடாக்கும் அந்தச் சுவர்ப் பெட்டி பக்கம், திரும்பிவிடும். இந்தத் தடவை பழைய செம்புக் குழாயோடு மல்லுக்கட்டியவர்களின் கேள்விகளை மட்டும் எடுத்துக்கொண்டேன். முப்பது வருடமாக நானும் அதே மல்லுக்கட்டில்தான் இருக்கிறேன். யாருக்கும் உபதேசம் செய்யும் தகுதி இருப்பதாக நினைக்கவில்லை. நான் செய்த தப்புகளை நீங்கள் திரும்பச் செய்ய வேண்டாம் என்றுதான் எழுதுகிறேன்.

கேள்வி: கூடத்தில் இருந்த 4 அடி ரேடியேட்டர் அடியில் துருப்பிடித்து ஒழுகியது. அதே அளவில் புதிது வாங்கி வந்து பொருத்தினால், தரையிலிருந்து வரும் இரண்டு செம்புக் குழாய்களுக்கும் எட்டாமல் ஒரு விரற்கடை இடைவெளி நிற்கிறது. தவறான அளவைக் கொடுத்துவிட்டார்களா?

விற்றவரைத் திட்டாதீர்கள். நீங்கள் அளந்ததும் சரி, அவர் கொடுத்ததும் சரி. பழையது இஞ்ச் கணக்கில் செய்தது, புதியது மில்லிமீட்டர் கணக்கில் செய்தது. 48 இஞ்ச் என்றால் 1,219 மி.மீ. அதற்கு ஈடாக இன்று கிடைப்பது 1,200 மி.மீ. அந்த 19 மி.மீ.தான் உங்கள் விரற்கடை. 36 இஞ்ச் ரேடியேட்டரில் இது 14 மி.மீ. ஆகும், 60 இஞ்சில் 24 மி.மீ. ஆகும்.

பழைய ரேடியேட்டரை அளந்துகொண்டு போனதில்தான் சிக்கல். போகிற சாமானை அளந்து என்ன பயன்? இருக்கப் போவது குழாய், அதைத்தான் அளக்க வேண்டும். இரண்டு குழாய்களின் நடுவிலிருந்து நடுவுக்கு எவ்வளவு தூரம் என்பதுதான் கணக்கு. உருண்டைக் குழாயில் நடு எங்கே என்று கண்ணால் பிடிக்க முடியாது. அதனால் ஒரு குழாயின் இடது விளிம்பிலிருந்து அடுத்த குழாயின் இடது விளிம்பு வரை டேப் பிடியுங்கள். இரண்டும் ஒரே பருமன் என்றால் அதுவே நடுவுக்கு நடு. தரையை ஒட்டி ஒரு தடவை, வால்வு உயரத்தில் ஒரு தடவை அளந்து பாருங்கள். இரண்டும் வேறுபட்டால் குழாய் சாய்ந்து நிற்கிறது, உங்களுக்கு முன்னால் யாரோ அதை இழுத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். அப்புறம் இரண்டு பக்கமும் வால்வு பிடிக்கும் இடத்தைக் கழியுங்கள், மிச்சம்தான் ரேடியேட்டரின் நீளம். வால்வு பிடிக்கும் இடம் தயாரிப்புக்குத் தயாரிப்பு மாறும். வாங்கப்போகும் வால்வையே கையில் வைத்து அளப்பது நல்லது.

இப்போது உங்கள் விரற்கடைக்கு வருவோம். ரேடியேட்டர் முனைக்கும் வால்வுக்கும் நடுவில் திருகிக்கொள்ள நீட்டிப்புத் துண்டுகள் பல நீளங்களில் கிடைக்கின்றன. ரேடியேட்டரை ஒரு பக்கமாக ஒட்டி மாட்டிவிட்டு, மறுபக்கம் ஒரே ஒரு துண்டு போட்டால் போதும். ஒழுக வாய்ப்புள்ள இணைப்பு எத்தனை குறைவோ அத்தனை நிம்மதி.

குழாயை மட்டும் இழுத்துச் சேர்க்காதீர்கள். மேலே அது நல்ல பிள்ளை மாதிரி வளைந்து வரும். தரைப் பலகைக்குக் கீழே, கண்ணுக்குத் தெரியாத எல்போவில், அதாவது குழாய் திரும்பும் வளைவுத் துண்டில், நாற்பது வருடத்துக்கு முன் உருக்கி வைத்த பற்றுதான் அந்த இழுப்பைத் தாங்கும். தாங்காவிட்டால் தரையைப் பெயர்க்க வேண்டியதுதான்.

கேள்வி: பழைய வீட்டில் 22 மி.மீ. என்று நினைத்து ஒரு செம்புக் குழாயை வெட்டி, 22 மி.மீ. கம்ப்ரெஷன் ஃபிட்டிங் (பற்றவைக்காமல் நட்டை இறுக்கியே குழாயைப் பிடிக்கும் இணைப்பு) போட்டேன். இறுக்க இறுக்கச் சொட்டு நிற்கவில்லை. நான் இறுக்கியது போதவில்லையா?

தம்பி, ஸ்பேனரைக் கீழே வையுங்கள். அது 22 மி.மீ. இல்லை, முக்கால் இஞ்ச்.

பிரிட்டனில் 1970-களில் செம்புக் குழாய் மில்லிமீட்டருக்கு மாறியது. அதற்கு முன் போட்ட குழாய்களுக்குப் பெயர் வைத்தது உள்விட்டத்தை வைத்து. இப்போதைய மி.மீ. குழாய்க்குப் பெயர் வைப்பது வெளிவிட்டத்தை வைத்து. ஃபிட்டிங் பிடிப்பது வெளிப்பக்கத்தை, அதனால் பெயரை நம்பிப் பிரயோஜனமில்லை. பழைய அரை இஞ்ச் குழாயின் வெளிப்பக்கம் 15 மி.மீ.க்கு ஒரு மயிரிழை கூட, 15 மி.மீ. கம்ப்ரெஷன் ஃபிட்டிங் அதை ஏற்றுக்கொள்ளும். ஒரு இஞ்ச் குழாய் 28 மி.மீ.யோடு ஒத்துப்போகும். முக்கால் இஞ்ச் மட்டும் ஏறக்குறைய 21.5 மி.மீ.யில் நின்று உயிரை எடுக்கும். 22 மி.மீ. ஃபிட்டிங்குக்குள் அது தாராளமாகப் போகும், போகும்போது 'பொருந்திவிட்டது' என்று நம்பவும் வைக்கும்.

இதே தப்பைத் தொழிலுக்கு வந்த இரண்டாவது வருடம் நானும் செய்தேன். ஆலிவ், அதாவது நட்டுக்குள் உட்காரும் அந்தப் பித்தளை வளையம், குழாயில் லொடலொடவென்று ஆடியது. இறுக்கினால் பிடித்துக்கொள்ளும் என்று முழு பலத்தையும் போட்டேன். பிடித்துக்கொண்டது. தண்ணீர் விட்டுப் பார்த்தேன், ஒரு சொட்டுக்கூட இல்லை. காசு வாங்கிக்கொண்டு போய்விட்டேன். பாய்லர் சூடாகி ஆறி, சூடாகி ஆறி, மூன்றாம் நாள் கீழ்மாடிக் கூரையில் ஒரு மஞ்சள் வட்டம் தெரிந்திருக்கிறது. என் குருதான் வந்து பார்த்தார். ஒன்றும் திட்டவில்லை. நட்டைக் கழற்றி, ஆலிவை விரலால் ஒரு சுற்று சுற்றிக் காட்டினார். குழாயில் அது வளையல் மாதிரி சுற்றியது. வாங்கிய காசை அன்று மாலையே திருப்பிக் கொடுத்தேன்.

தீர்வு சுலபம். அதே 22 மி.மீ. ஃபிட்டிங், அதே நட். உள்ளே ஆலிவ் மட்டும் முக்கால் இஞ்ச் ஆலிவ். தனியாகக் கேட்டாலே கிடைக்கும், என் பெட்டியில் எப்போதும் பத்து கிடக்கும். பற்றவைப்பதாக இருந்தால் ஒரு பக்கம் 22 மி.மீ., மறுபக்கம் முக்கால் இஞ்ச் என்று இருக்கும் கப்ளிங், அதாவது இரண்டு குழாயைச் சேர்க்கும் துண்டு, வாங்குங்கள். சாதாரண 22 மி.மீ. கப்ளிங்கில் இடைவெளி அதிகம். உருகிய பற்று அதில் ஏறிப் பிடிக்காது, வழிந்துவிடும்.

அமெரிக்க முறை குழாய் போட்ட வீடாக இருந்தால் இந்தக் கணக்கெல்லாம் பொய். அங்கே அரை இஞ்ச் குழாயின் வெளிவிட்டம் 15.9 மி.மீ., அது 15 மி.மீ. ஃபிட்டிங்கில் நுழையவே நுழையாது. ஆகவே குழாயைத் தொடுவதற்கு முன் வெர்னியர் அளவுகோலால் வெளிவிட்டத்தைப் பாருங்கள். ஒரே இடத்தில் அளக்காதீர்கள். குறுக்கே ஒன்று, நெடுக்கே ஒன்று. பழைய குழாய் மிதிபட்டு, அடிபட்டு முட்டை வடிவத்தில் இருக்கும்.

வெட்டுவதற்குச் சக்கரக் கட்டர்தான். ஹாக்ஸா பிளேடு வைத்தால் முனை கோணலாகும், தூள் உள்ளே போய் வால்வில் உட்காரும். வெட்டியதும் உள்விளிம்பின் பிசிறைச் சுரண்டி எடுங்கள். வெளியே நாலு தலைமுறை பெயின்ட் இருக்கும், அதை உப்புத்தாளால் செம்பு நிறம் பளிச்சென்று தெரியும்வரை தேய்க்க வேண்டும். நீளவாக்கில் தேய்க்காதீர்கள், சுற்றித் தேயுங்கள். நீளவாக்கில் விழும் கீறல் தண்ணீருக்கு வாய்க்கால். பெயின்ட் மேலேயே ஆலிவைப் போட்டுவிட்டுப் பிறகு அதிர்ஷ்டத்தைக் குறை சொல்பவர்கள் நிறையப் பேர். அழுத்தினால் பிடித்துக்கொள்ளும் பிளாஸ்டிக் ஃபிட்டிங்கை முக்கால் இஞ்ச் குழாயில் போடவே போடாதீர்கள். கீறல் விழுந்த எந்தப் பழைய குழாயிலும் நான் அதை நம்புவதில்லை.

இறுக்குவதற்கும் அளவு உண்டு. கையால் முடிந்தவரை திருகிவிட்டு, ஸ்பேனரில் ஒரு சுற்று, கொஞ்சம் கூட. அதற்கு மேல் போனால் ஆலிவ் குழாயை நெரித்து இடுப்பு மாதிரி ஆக்கிவிடும். அந்தக் குழாயை அந்த இடத்தோடு வெட்டி எறிய வேண்டியதுதான்.

கேள்வி: டெஃப்லான் டேப்பை எல்லா மரையிலும் சுற்றலாமா?

கூடாது. ரேடியேட்டருக்குள் திருகும் வால்வின் வால்பகுதிக்கு மட்டும் சுற்றுங்கள், பத்துச் சுற்றுக்குக் குறையாமல், முனையைப் பார்த்துக்கொண்டு கடிகாரச் சுற்றில். கம்ப்ரெஷன் நட்டின் மரையில் சுற்றினால் அங்கே வேலை ஒன்றும் இல்லை. தண்ணீரை அடைப்பது ஆலிவ், மரை அதைச் சும்மா அழுத்துகிறது, அவ்வளவுதான்.

கேள்வி: சுவருக்கு வண்ணம் அடிக்க ரேடியேட்டரை இறக்கிவைத்தேன். இரண்டு வால்வையும் மூடித்தான் வைத்திருந்தேன். ஒரு வாரம் கழித்துக் கடுங்குளிர் அடித்த இரவில் வெப்பம் பார்த்துத் திறக்கும் வால்விலிருந்து தண்ணீர் கொட்டி, அறையே நாசம். வால்வு பழுதா?

பழுதே இல்லை, அம்மா. அது தன் வேலையைத்தான் செய்தது. அந்த வகை வால்வுகள் பலவற்றில், தலையை மிகக் குறைந்த உறைபனிக் குறியில் வைத்தாலும், அறை 6 டிகிரி போல இறங்கியதும் குழாய் உறையாமலிருக்கத் தானாகத் திறந்துகொள்ளும். ரேடியேட்டர் அங்கே இல்லை என்பது அதற்குத் தெரியாது. தலையைக் கழற்றிவிட்டு, கூடவே வரும் மூடியைத் திருகி, வால்வைத் திறந்து மூடும் உள் ஊசியை முழுக்க அழுத்தி வைக்க வேண்டும். அதற்கு மேலும் வால்வின் வாய்க்கு ஒரு அடைப்பு நட் போட்டுவிட்டுத்தான் நான் வீட்டைவிட்டு வெளியே வருவேன்.

மறுபக்க வால்வை மூடும்போது எத்தனை சுற்றில் மூடியது என்று எண்ணி, பென்சிலால் சுவரிலேயே எழுதிவையுங்கள். திரும்பத் திறக்கும்போது அதே எண்ணிக்கை. அது வெறும் திறப்பு மூடி இல்லை. எந்த ரேடியேட்டருக்கு எவ்வளவு தண்ணீர் என்று யாரோ ஒருநாள் உட்கார்ந்து சமன்செய்து வைத்த அளவு அது. முழுக்கத் திறந்துவிட்டால் பக்கத்து அறை குளிரும்.

கேள்வி: ரேடியேட்டரைக் கழற்றும்போது மை மாதிரி கறுப்புத் தண்ணீர் வந்தது. மேல்பாதியும் சூடாகாது, உள்ளே சேர்ந்த காற்றைத் திறந்துவிட்டு எடுத்தாலும் இரண்டு நாளில் திரும்பிவிடும். செம்புக் குழாய் அரிக்கிறதா?

குழாய் இல்லை, ரேடியேட்டர்தான் அரிக்கிறது. அந்த மை மேக்னடைட், எஃகு அரித்து வந்த இரும்பு ஆக்சைடு. ஒரு காந்தத்தை நீட்டிப் பாருங்கள், வந்து ஒட்டிக்கொள்ளும். நீங்கள் 'காற்று' என்பதும் பெரும்பாலும் காற்றாக இருக்காது. அரிப்பில் உண்டாகும் ஹைட்ரஜன் மேலே சேர்ந்திருக்கும். அது தீப்பிடிக்கும் வாயு, காற்று எடுக்கும்போது பக்கத்தில் லைட்டர், மெழுகுவர்த்தி எதுவும் வேண்டாம். மேலே குளிர்ந்தால் வாயு, கீழே நடுவில் குளிர்ந்தால் வண்டல், இதை மட்டும் நினைவில் வையுங்கள்.

பழைய தண்ணீரிலேயே புது ரேடியேட்டரை மாட்டாதீர்கள். முழுக்க அலசி, அரிப்புத் தடுப்பு மருந்து ஊற்றி, அதன்பிறகு நிரப்புங்கள். மெல்லிய 8 மி.மீ., 10 மி.மீ. குழாய் போட்ட வீடுகளில் இதை விட்டுவிட்டால் வண்டல் நேராகப் போய்க் குழாயையே அடைத்துவிடும். அலுமினிய ரேடியேட்டர் வாங்குபவர்கள் அலுமினியத்துக்கும் ஒத்துவரும் மருந்தா என்று டப்பாவைப் படித்துப் பாருங்கள். கழற்றும்போது தரையில் பழைய துணி போடுங்கள், பத்தாது என்று தோன்றினால் இன்னும் இரண்டு போடுங்கள். கம்பளத்தில் பட்ட அந்தக் கறையை எடுத்தவர் யாரையும் நான் பார்த்ததில்லை.

கேள்வி: கடைசி அறை எப்போதும் வெதுவெதுப்புதான். அங்கே பெரிய ரேடியேட்டர் மாற்றினால் தீருமா?

முதலில் தரைப் பலகையைத் தூக்கி, அந்த ரேடியேட்டரின் இரண்டு பக்கக் குழாயும் எங்கே போகிறது என்று பாருங்கள். இரண்டும் ஒரே பருத்த குழாயில் சேர்ந்தால் உங்களுடையது ஒற்றைக் குழாய் அமைப்பு. முதல் ரேடியேட்டர் சூட்டைக் குடித்துவிட்டு ஆறிய தண்ணீரை அதே குழாயில் விடும், அடுத்ததும் அப்படியே. கடைசி அறைக்கு எச்சில் சூடுதான். அதனால் அங்கே பெரியது போடுவது சரியான யோசனைதான். ஆனால் வால்வு சாதாரணமானது வேண்டாம். ஒற்றைக் குழாய்க்கென்றே தடை குறைந்த வால்வு உண்டு, அதைக் கேட்டு வாங்குங்கள். இரட்டைக் குழாயாக இருந்தால் ஒன்றும் வாங்காதீர்கள், முன்னால் இருக்கும் அறைகளின் வால்வைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துப் பாருங்கள்.

கேள்வி: பாய்லரை எடுத்துவிட்டு ஹீட் பம்ப் (வெளியே இருக்கும் சூட்டை இழுத்து வீட்டுக்குள் தரும் கருவி) போடப் போகிறோம். அட்டையில் 1,500 வாட் என்று போட்ட ரேடியேட்டர் போதுமா?

அந்த 1,500 வாட், ரேடியேட்டரின் சராசரிச் சூடு அறையைவிட 50 டிகிரி கூட இருந்தால் கிடைப்பது. ஹீட் பம்ப் அவ்வளவு சூடாகத் தண்ணீர் அனுப்பாது. வித்தியாசம் 30 டிகிரி ஆனால் பாதிதான், ஏறக்குறைய 770 வாட். 20 டிகிரி ஆனால் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. இரட்டைப் பலகை, இரட்டை இறக்கை உள்ளதைப் பாருங்கள். அது சுவரிலிருந்து அதிகம் முன்னால் வரும், குழாயும் அதற்கேற்ப முன்னால் வர வேண்டும். எடையும் கூடும், அட்டைச் சுவரில் மாட்டுவதாக இருந்தால் உள்ளே மரச்சட்டம் எங்கே என்று தட்டிப் பார்த்துவிட்டுத் திருகாணி போடுங்கள்.

கேள்வி: ரேடியேட்டர் மாற்றியதிலிருந்து விடியற்காலையில் தரைக்கு அடியில் டக், டக் என்று சத்தம். மாமியார் பயப்படுகிறார்.

பேய் இல்லை என்று அவரிடம் சொல்லுங்கள். 10 மீட்டர் செம்புக் குழாய் 60 டிகிரி சூடேறினால் 10 மி.மீ. நீளும். விடிகாலையில் பாய்லர் எழுந்ததும் குழாய் நீண்டு, தரைப் பலகையைத் தாங்கும் கட்டையில் வெட்டிய பள்ளத்தில் உரசி உரசி நகர்கிறது. புது ரேடியேட்டரை மாட்டியபோது குழாய் கொஞ்சம் இறுகியிருக்கும். சத்தம் வரும் இடத்துப் பலகையைத் தூக்கி, குழாய் மரத்தைத் தொடும் இடத்தில் ஒரு துண்டு கம்பளித் துணியைச் செருகிவிடுங்கள். அதற்கும் நிற்காவிட்டால் தரையில் குழாய் மேலே வரும் ஓட்டையைச் சற்றுப் பெரிதாக்குங்கள்.