பிளஸ் டூ இயற்பியல்: தோழிகளோடு சேர்ந்து படிக்க அனுப்பலாமா?

மாலையானால் புத்தகப் பையைத் தூக்கிக்கொண்டு தோழி வீட்டுக்குப் போகும் உங்கள் மகள், அங்கே படிக்கிறாளா அரட்டை அடிக்கிறாளா என்று கேட்டிருக்கிறீர்கள். போக விடுங்கள். திரும்பி வந்ததும் "எத்தனை பாடம் முடிச்சே?" என்று மட்டும் கேட்காதீர்கள். "இன்னைக்கு உன் நோட்டை யார் திருத்தினாங்க, காட்டு" என்று கேளுங்கள். நோட்டில் இன்னொரு பெண்ணின் சிவப்பு மை இருந்தால் போன நேரத்துக்குப் பலன் உண்டு. அடிக்கோடு போட்ட புத்தகம் மட்டும் திரும்பி வந்தால், அந்த வேலையை வீட்டிலேயே செய்திருக்கலாம்.

முதலில் மதிப்பெண் கணக்கு. தமிழ்நாடு மாநிலப் பாடத்திட்டத்தில் எழுத்துத் தேர்வு 70, செய்முறை 20, அகமதிப்பீடு 10. எழுத்துத் தேர்வில் ஒரு மதிப்பெண் வினாக்கள் 15. இரண்டு மதிப்பெண் பகுதியில் ஒன்பதுக்கு ஆறு, மூன்று மதிப்பெண் பகுதியிலும் ஒன்பதுக்கு ஆறு எழுத வேண்டும். இரண்டிலும் ஒரு வினா கட்டாயம், அது பெரும்பாலும் கணக்குதான். ஐந்து மதிப்பெண் வினாக்கள் ஐந்து, எல்லாம் 'அல்லது' வகை. மொத்தம் பதினொரு அலகுகள். அவற்றில் முதல் ஐந்தும், அதாவது முதல் தொகுதி முழுவதும், மின்சாரம், காந்தவியல், மின்காந்த அலைகள். ஏழாவது அலகு அலை ஒளியியல். பொறியியல் கலந்தாய்வில் கணிதம் 100, இயற்பியல் 50, வேதியியல் 50 என்று 200-க்குக் கட்-ஆஃப் போடுகிறார்கள். இயற்பியலில் இரண்டு மதிப்பெண் விட்டால் கட்-ஆஃபில் ஒன்று போகும். இரண்டு பேர் சம கட்-ஆஃப் எடுத்தால் முதலில் கணித மதிப்பெண்ணையும், அதுவும் சமமானால் இயற்பியல் மதிப்பெண்ணையும் பார்ப்பார்கள்.

இனி அவளிடம் சொல்ல வேண்டியவை. குழுவில் மூன்று பேர், மிஞ்சினால் நான்கு பேர். ஐந்தாவது ஆள் வந்தால் யாராவது ஒருவர் வேடிக்கை பார்க்க ஆரம்பித்துவிடுவார். "நீ நிலைமின்னியல் படி, நான் மாறுதிசை மின்னோட்டம் படிக்கிறேன், அப்புறம் சொல்லிக்கொடுத்துக்கலாம்" என்று பாடத்தைப் பங்கு பிரிப்பதுதான் இருப்பதிலேயே மோசமான ஏற்பாடு. சொல்லிக்கொடுத்தவளுக்கு அந்தப் பாடம் வந்துவிடும். கேட்டவளுக்குப் புரிந்த மாதிரி இருக்கும், தாளில் பேனா நகராது. எல்லோரும் ஒரே அலகைத் தனித்தனியாகப் படித்துவிட்டுத்தான் கூட வேண்டும். இரண்டு மணி நேரம் கூடினால் முதல் 45 நிமிடம் யாரும் பேசக் கூடாது: ஐந்து மதிப்பெண் வருவித்தல் ஒன்று, மூன்று மதிப்பெண் வினாக்கள் இரண்டு, கணக்குகள் மூன்று, புத்தகம் பார்க்காமல். அடுத்த அரை மணி நேரம் தாளை மாற்றித் திருத்துவது. படம், கொள்கை, இடைப்படிகள், இறுதிச் சமன்பாடு என்று பிரித்து மதிப்பெண் போட வேண்டும், ஏனென்றால் விடைக்குறிப்பும் அப்படித்தான் இருக்கும். மீதி நேரம்தான் பேச்சு, அதுவும் யாருடைய விடை வேறாக வந்ததோ அந்தக் கணக்கைப் பற்றி மட்டும்.

திருத்தும்போது எதைத் தேடுவது என்று தெரியாவிட்டால் சிவப்பு மையால் பயனில்லை. மின்னோட்டவியலில் முதல் பொறி அக மின்தடை, அதாவது மின்கலத்துக்குள்ளேயே இருக்கும் மின்தடை. 12 வோல்ட் மின்கலம், அக மின்தடை 1 ஓம், வெளியே 5 ஓம். 12-ஐ 5-ஆல் வகுத்து 2.4 ஆம்பியர் என்று ஒருத்தி எழுதுவாள். சரியான விடை 2 ஆம்பியர், முனைகளுக்கு இடையே 10 வோல்ட். விடைப் பட்டியல் இல்லாமலே இதைச் சோதிக்கலாம்: மின்கலம் தரும் திறன் 24 வாட், வெளி மின்தடையில் 20, உள்ளே 4, கூட்டினால் 24. பல கிளைகள் உள்ள மின்சுற்றுகளில் வரும் கிர்க்காஃப் விதிக் கணக்குகளுக்கும் இதே சோதனை பொருந்தும். மின்னோட்டம் எதிர்க்குறியில் வந்தால் பயந்துபோய் அடித்துவிடுகிறார்கள். அப்படி வந்தால் நாம் முதலில் எடுத்துக்கொண்ட திசை தலைகீழ் என்றுதான் பொருள், கணக்கு தவறில்லை. உண்மையான தவறு ஒரே மூடிய சுற்றில் பாதி வழி ஒரு குறியீட்டு மரபும் மீதி வழி இன்னொன்றும் எடுப்பதில் இருக்கும். சுற்றும் திசையும் மின்னோட்டத் திசையும் ஒன்றானால் மின்னோட்டம்-மின்தடைப் பெருக்கல் நேர்க்குறி. மின்கலத்துக்குள் எதிர்முனையிலிருந்து நேர்முனைக்குப் போனால் மின்னியக்கு விசை நேர்க்குறி. படத்தில் அம்புக்குறி போடாமல் கணக்கைத் தொடங்கியவளுக்குத் திருத்துபவள் ஒரு மதிப்பெண் குறைக்கட்டும், இரண்டே நாளில் பழகிவிடும்.

மின்தேக்கிகளில் தொடர் இணைப்பும் பக்க இணைப்பும் மின்தடைகளுக்குத் தலைகீழ். 2, 3 மைக்ரோ ஃபாரட் மின்தேக்கிகள் தொடரில் 1.2, பக்க இணைப்பில் 5. அதே எண்கள் ஓமில் என்றால் தொடரில் 5, பக்க இணைப்பில் 1.2.

மாறுதிசை மின்னோட்டத்தில் பாதிப் பேர் மின்னழுத்தங்களை அப்படியே கூட்டிவிடுவார்கள். மின்தடையாக்கியில் 40 வோல்ட், மின்தூண்டியில் 80, மின்தேக்கியில் 50 என்றால் மொத்தம் 170 இல்லை. மின்தூண்டியும் மின்தேக்கியும் எதிரெதிர்த் திசை என்பதால் 80-இல் 50 போக 30. அந்த 30-உம் 40-உம் செங்குத்து, ஆகவே மொத்தம் 50 வோல்ட். கட்ட வெக்டர் படத்தை வரைந்தால்தான் இது புலப்படும். எது முந்துகிறது, எது பின்தங்குகிறது என்பதற்கு 'சிவில்' (CIVIL) என்ற பழைய மனப்பாட உத்தியே போதும்: மின்தேக்கியில் மின்னோட்டம் மின்னழுத்தத்தை முந்தும், மின்தூண்டியில் மின்னழுத்தம் மின்னோட்டத்தை முந்தும். வீட்டு மின்சாரத்தின் 230 வோல்ட் என்பது ஆர்எம்எஸ் (சராசரி வர்க்கமூல) மதிப்பு. பெரும மதிப்பு கிட்டத்தட்ட 325. ஒரு மதிப்பெண் வினாவில் இதைத் திருப்பிப் போட்டுக் கேட்பார்கள்.

அலை ஒளியியலில் சேர்ந்து படிப்பதால் கிடைக்கும் பெரிய லாபம், குறுக்கீட்டையும் (இன்டர்ஃபரன்ஸ்) விளிம்பு விளைவையும் (டிஃப்ராக்‌ஷன்) பிரித்துக்கொள்வது. யங் இரட்டைப் பிளவில் பாதை வேறுபாடு அலைநீளத்தின் முழு மடங்கானால் அங்கே பொலிவு. ஒற்றைப் பிளவிலோ, பிளவின் அகலத்தைக் கோணத்தின் சைனால் பெருக்கி வருவது முழு மடங்கானால் அங்கே இருள். சமன்பாடுகள் இரண்டும் அச்சு அசலாக ஒன்றுபோல இருப்பதால் மனப்பாடம் செய்தவள் இங்கே கண்டிப்பாகச் சறுக்குவாள். முதல் இருளுக்குக் காரணம் சொல்லச் சொல்லுங்கள்: பிளவை இரண்டு பாதியாகப் பிரித்தால், மேல்பாதியின் ஒவ்வொரு புள்ளிக்கும் கீழ்ப்பாதியில் அரை அலைநீள வேறுபாட்டோடு ஒரு ஜோடி உண்டு, ஜோடி ஜோடியாக அழிந்துவிடும். இதைப் புத்தகம் பார்க்காமல் சொல்லத் தெரிந்தவள் சமன்பாட்டை மாற்றி எழுத மாட்டாள்.

பட்டை அகலக் கணக்கில் அலகு மாற்றம்தான் ஆளை விழுத்தும். 600 நானோமீட்டர் ஒளி, பிளவு இடைவெளி 0.6 மில்லிமீட்டர், திரை 1 மீட்டர் தூரம் என்றால் பட்டை அகலம் 1 மில்லிமீட்டர். நடுப் பட்டையிலிருந்து ஐந்தாவது கரும்பட்டை 5 மில்லிமீட்டரில் இல்லை, 4.5-இல். இருபுறமும் உள்ள மூன்றாம் பொலிவுப் பட்டைகளுக்கு இடையே 6 மில்லிமீட்டர். கீற்றணியில் (கிரேட்டிங்) சென்டிமீட்டருக்கு 6000 கோடுகள் என்றால் மீட்டருக்கு 6 லட்சம். இதை மாற்ற மறந்தால் விடை நூறு மடங்கு தள்ளிப்போகும்.

தேர்வு அறையில் கால்குலேட்டர் கிடையாது, மடக்கை அட்டவணைதான். இதற்குத் தனியாக யாரும் பழகுவதில்லை, விடுமுறை நாளில் ஒரு மணி நேரம் இதற்கென்றே ஒதுக்கச் சொல்லுங்கள். ஒத்ததிர்வு அதிர்வெண் கணக்கில் வர்க்கமூலம் வரும், அதற்கு மடக்கையை இரண்டால் வகுக்க வேண்டும். மடக்கையின் முழு எண் பகுதி மட்டும் எதிர்க்குறி என்றால் அதன் மேல் கோடு போட்டு 'பார்' என்பார்கள். பார் 2.7703-ஐ இரண்டால் வகுத்தால் பார் 1.3852, சுலபம். பார் 3.7703 வந்தால் அதைப் பார் 4, கூட்டல் 1.7703 என்று மாற்றிக்கொண்டு வகுக்க வேண்டும்: பார் 2.8852. வெறும் 3.7703-ஐ வகுத்து மேலே பார் போடுகிறவர்கள் ஏராளம்.

செய்முறைக்கும் குழு உதவும். மின்னழுத்தமானியில் (பொட்டென்ஷியோமீட்டர்) கம்பியின் இரு முனையிலும் கால்வனோமீட்டர் முள் ஒரே பக்கம் விலகினால் மூன்றைப் பார்க்க வேண்டும்: நேர்முனைகள் எல்லாம் ஒரே புள்ளியில் சேர்ந்திருக்கின்றனவா, முதன்மைச் சுற்றின் மின்கலம் ஒப்பிடும் மின்கலத்தைவிட வலுவாக இருக்கிறதா, எங்காவது இணைப்பு தளர்ந்திருக்கிறதா. டேஞ்சன்ட் கால்வனோமீட்டரில் விலக்கம் 30 முதல் 60 டிகிரிக்குள் இருக்கட்டும். மேசையில் இரும்புச் சாமானோ கைப்பேசியோ வேண்டாம்.

வாட்ஸ்அப்பில் விடையைப் படம் பிடித்து அனுப்பிக்கொள்வதைக் கூட்டுப் படிப்பு என்று நான் எண்ணவில்லை. சந்தேகத்தை அனுப்பலாம், முழு விடையை வாங்கி வைத்துக்கொண்டால் அதைப் போட்டுப் பார்க்கும் அவசியமே போய்விடும்.

இரண்டு வாரம் கழித்து அவள் திருத்திய நோட்டுகளையும் அவளுக்குத் திருத்திய நோட்டுகளையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். எப்போதும் அவளே சொல்லிக்கொடுக்கிறாள் என்றாலும், எப்போதும் கேட்டுக்கொண்டே இருக்கிறாள் என்றாலும் அந்தக் குழு அவளுக்குச் சரிப்படவில்லை. ஆளை மாற்றலாம், அல்லது வாரம் இரண்டு நாளாகக் குறைக்கலாம். தேர்வுக்கு முந்தைய மூன்று நாள் குழுவாகக் கூடவே வேண்டாம். அப்போது யாராவது ஒருத்தி "இதைப் படிச்சியா, அதைப் படிச்சியா" என்று கேட்பாள், மற்றவர்களுக்குப் பதற்றம் தொற்றும். அந்த நாட்களில் வீட்டிலேயே, தேர்வு நடக்கும் அதே காலை நேரத்தில், மூன்று மணி நேரம் முழுத் தாள் ஒன்று எழுதட்டும்.