பவர் பட்டனை அழுத்திவிட்டு டீ போடப் போகிறவர்களுக்கு: கேள்வி பதில்

வீட்டுக் கணினிகளைப் பழுது பார்ப்பது என் பிழைப்பு. 22 வருடமாகிறது. இன்று ‘ஆன் ஆக ரொம்ப நேரமாகிறது’ என்ற புகாருக்கு மட்டும் பதில் சொல்கிறேன். ஒரு வேண்டுகோள்: எதைத் தொடுவதற்கு முன்னும் போட்டோக்களையும் முக்கியமான ஃபைல்களையும் வேறொரு டிஸ்கில் காப்பி எடுத்துக்கொள்ளுங்கள். இதை இன்று பலமுறை சொல்வேன்.

கே (திருநெல்வேலி, ஓய்வுபெற்ற ஆசிரியர்): 2016-ல் வாங்கிய டெஸ்க்டாப். விண்டோஸ் 10, 4 ஜிபி ரேம். பட்டனை அழுத்திவிட்டு வாசல் தெளித்துக் கோலம் போட்டு முடித்தாலும் அது எழுந்திருப்பதில்லை. 6 நிமிடம் ஆகிறது. எல்லாரும் ஃபார்மேட் அடி என்கிறார்கள். அடிக்கலாமா?

ப: அவசரப்படாதீர்கள் ஐயா. அந்த 6 நிமிடத்துக்குள் மூன்று கட்டங்கள் இருக்கின்றன. எந்தக் கட்டத்தில் நேரம் போகிறது என்று தெரியாமல் ஃபார்மேட் அடிப்பது, வயிற்றுவலியா தலைவலியா என்று கேட்காமல் ஊசி போடுவது போல.

செல்போனில் ஸ்டாப்வாட்சை எடுங்கள். பட்டனை அழுத்தியதிலிருந்து விண்டோஸ் சின்னத்தின் கீழே புள்ளிகள் சுற்றத் தொடங்கும் வரை ஒரு நேரம். அது மதர்போர்டின் (எல்லாப் பாகங்களும் செருகியிருக்கும் முதன்மைப் பலகை) வேலை, விண்டோஸுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. புள்ளிகள் சுற்றுவதிலிருந்து பாஸ்வேர்டு கேட்கும் வரை இரண்டாவது. விண்டோஸும் டிரைவர்களும் (ஒவ்வொரு பாகத்தையும் இயக்கும் சிறு மென்பொருள்கள்) டிஸ்கிலிருந்து ஏறும் நேரம் அது. பாஸ்வேர்டு அடித்ததிலிருந்து பிரவுசர் ஒழுங்காகத் திறக்கும் வரை மூன்றாவது. இதில்தான் நீங்கள் கேட்காமலே தானாகத் திறக்கும் மென்பொருள்கள் வரிசையில் நிற்கின்றன.

மூன்று எண்களையும் தாளில் எழுதுங்கள். அப்புறம் கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் வரும். அதில் ‘பெர்ஃபார்மன்ஸ்’ பக்கத்தில் டிஸ்க் என்ற இடத்தைப் பாருங்கள். எச்டிடி (தட்டு சுற்றும் பழைய ஹார்ட் டிஸ்க்) என்று இருக்கிறதா, எஸ்எஸ்டி (சுற்றும் பாகமில்லாத, சிப்பில் சேமிக்கும் டிஸ்க்) என்று இருக்கிறதா? எத்தனை சதவீதம் காட்டுகிறது? டிஸ்கின் உடல்நிலையைக் காட்ட கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்று ஒரு இலவச மென்பொருள் இருக்கிறது. அதையும் ஓடவிட்டு என்ன நிறம் காட்டுகிறது என்று சொல்லுங்கள். காத்திருக்கிறேன்.

கே (சேலம்): பழைய ஹார்ட் டிஸ்குக்குப் பதில் எஸ்எஸ்டி போட்டால் வேகமாகும் என்கிறார்கள். விற்பதற்காகச் சொல்வதா, உண்மையா?

ப: உண்மை. நான் இன்று சொல்வதில் ஒன்றே ஒன்றை எடுத்துக்கொள்வதென்றால் இதை எடுத்துக்கொள்ளுங்கள்.

ஹார்ட் டிஸ்குக்குள் ஒரு தட்டு நிமிடத்துக்கு 7200 முறை சுற்றுகிறது. லேப்டாப் டிஸ்க் என்றால் பெரும்பாலும் 5400. 7200 என்றால் ஒரு சுற்றுக்கு 8.3 மில்லிசெகண்ட். வேண்டிய இடம் ஊசிக்குக் கீழே வர சராசரியாக அதில் பாதி. அதற்கு முன் ஊசி சரியான தடத்துக்கு நகர இன்னும் 8, 9 மில்லிசெகண்ட். ஆக, ஒரு துண்டைத் தேடி எடுக்க 12, 13 மில்லிசெகண்ட். கணக்குப் போட்டால் ஒரு நொடிக்கு 80 துண்டு. விண்டோஸ் எழும்போது கேட்பதோ ஆயிரக்கணக்கான சிறு துண்டுகள், அதுவும் டிஸ்கில் ஆங்காங்கே சிதறிக் கிடப்பவை.

பழைய மளிகைக் கடையை நினைத்துக்கொள்ளுங்கள். அரை கிலோ துவரம் பருப்பு என்றதும் அண்ணாச்சி பின்கட்டு குடோனுக்குப் போய் எடுத்து வருகிறார். கடுகு 50 கிராம் என்றால் மறுபடியும் குடோன். ஒரு மூட்டை அரிசி மட்டும் கேட்டால் அவர் வேகமானவர்தான், ஒரே நடை. அதனால்தான் அதே டிஸ்கில் ஒரு சினிமா தடங்கலின்றி ஓடும், விண்டோஸ் மட்டும் தத்தளிக்கும். எஸ்எஸ்டியில் சுற்றுவதும் நகர்வதும் கிடையாது. ஒரு துண்டுக்கு ஏறக்குறைய 0.1 மில்லிசெகண்ட். எல்லாச் சாமானும் அண்ணாச்சியின் கைக்கெட்டும் தூரத்தில்.

பழைய ஹார்ட் டிஸ்க் செருகும் அதே கேபிளில் செருகும் சாதாரண சாட்டா வகையே போதும். பழைய போர்டில் அதைவிட விலை கூடியதைப் பொருத்த இடமும் இருக்காது. 10 வருடப் பழைய கணினிகூட இதைப் போட்டதும் அரை நிமிடத்தில் எழுவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். மாற்றும் முன் போட்டோக்களைக் காப்பி எடுங்கள்.

கே (மதுரை): ரேமை 4-லிருந்து 8 ஆக்கலாமா, எஸ்எஸ்டி போடலாமா? பணம் ஒன்றுக்குத்தான் இருக்கிறது.

ப: ஆன் ஆவதற்கு எஸ்எஸ்டி. பிரவுசரில் பத்து டேப் திறந்ததும் திணறுகிறது என்பதுதான் புகார் என்றால் ரேம்.

கே (கும்பகோணம்): அண்ணா, ஷட்டவுன் செய்துவிட்டு ஆன் செய்தால் சீக்கிரம் வருகிறது. ரீஸ்டார்ட் கொடுத்தால் இரண்டு மடங்கு நேரம். இரண்டும் ஒன்றுதானே?

ப: நல்ல கேள்வி தம்பி. ஒன்றில்லை. 2012-ல் வந்த விண்டோஸ் 8-லிருந்து ‘ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்’ என்று ஒன்று உண்டு. ஷட்டவுன் கொடுத்தால் உங்கள் மென்பொருள்களை மூடிவிடும். ஆனால் விண்டோஸின் உள்பகுதியையும் டிரைவர்களையும் ரேமில் இருந்தபடியே டிஸ்கில் எழுதி வைத்துக்கொள்ளும். மறுநாள் அதை அப்படியே ஏற்றிக்கொள்ளும். ரீஸ்டார்ட்தான் எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்குவது.

இதில் ஒரு வேடிக்கை. டாஸ்க் மேனேஜரில் சிபியு பக்கத்தில் ‘அப் டைம்’ என்று இருக்கும், கடைசியாக முழுதாகத் தொடங்கியதிலிருந்து எவ்வளவு நேரம் ஆயிற்று என்ற கணக்கு அது. தினமும் ராத்திரி அணைப்பவர்கள் அதைப் பார்த்தால் 9 நாள், 14 நாள் என்று காட்டும். ஒரு டிரைவர் தகராறு செய்தால் அந்தத் தகராறும் தினமும் டிஸ்கிலிருந்து எழுந்து வரும். வாரம் ஒருமுறை ரீஸ்டார்ட் கொடுங்கள். ஷிஃப்டை அழுத்திக்கொண்டே ஷட்டவுனைக் கிளிக் செய்தாலும் முழுதாக அணையும்.

கே (ஈரோடு): ஆன் செய்யும்போதெல்லாம் கறுப்புத் திரையில் எஃப்1 அழுத்தச் சொல்கிறது. தேதியும் பழைய வருடத்துக்குப் போய்விடுகிறது.

ப: மதர்போர்டில் சிஆர்2032 என்ற வட்ட பேட்டரி செத்துவிட்டது. கைக்கடிகார பேட்டரி மாதிரி, 3 வோல்ட். விலை அற்பம். நீங்களே மாற்றலாம், பிளக்கைப் பிடுங்கிவிட்டு. தேதி தப்பாக இருந்தால் பல இணையதளங்கள் ‘பாதுகாப்பில்லை’ என்று மிரட்டும், அதுவும் இதோடு சரியாகும். தினமும் சுவரில் ஸ்விட்சை அணைக்கும் வீடுகளில் இந்த பேட்டரி சீக்கிரம் தீர்ந்துபோகும், மின்சாரம் இல்லாத நேரமெல்லாம் கடிகாரம் அதை உண்டுதான் ஓடுகிறது.

கே (சென்னை): மாதத்தில் ஒரு புதன்கிழமை மட்டும் படுமோசம். வைரஸா?

ப: அப்டேட். மைக்ரோசாஃப்ட் மாதத்தின் இரண்டாவது செவ்வாய்க்கிழமை வெளியிடுகிறது. நமக்கு அது செவ்வாய் ராத்திரி. புதன் காலை ஆன் செய்கிறீர்கள். பிளக்கைப் பிடுங்காமல் விட்டுவிடுங்கள்.

கே (காரைக்குடி): ஸ்டார்ட்அப் பட்டியலில் இருந்த எல்லாவற்றையும் டிஸேபிள் செய்துவிட்டேன். நன்றாக வேகம். ஆனால் தமிழில் தட்டச்சு செய்ய வரவில்லை!

ப: சிரித்துவிட்டேன், மன்னிக்கவும். என்எச்எம் ரைட்டரோ அழகியோ வைத்திருப்பீர்கள், அதையும் சேர்த்து நிறுத்திவிட்டீர்கள். டாஸ்க் மேனேஜரில் ஸ்டார்ட்அப் பக்கத்தில் அதை மட்டும் திரும்ப எனேபிள் செய்யுங்கள். 2019 அப்டேட்டிலிருந்து விண்டோஸ் 10-க்குள்ளேயே ஒலிப்பு முறைத் தமிழ் விசைப்பலகை இருக்கிறது, அது போதுமென்றால் தனி மென்பொருளே வேண்டாம்.

பொதுவாக ஒலி, டச்பேட், ஆன்டிவைரஸ் மூன்றையும் தொடாதீர்கள். மீட்டிங் மென்பொருள், விளையாட்டுக் கடை, டோரன்ட், பிரிண்டர் கம்பெனியின் ‘உதவியாளர்’, ஏதோ ஒன்றின் ‘அப்டேட்டர்’ எல்லாம் தாராளமாக நிறுத்தலாம். நிறுத்தினால் அழிந்துபோகாது. வேண்டும்போது நீங்கள் திறந்துகொள்ளலாம்.

கே (திருச்சி): ரெஜிஸ்ட்ரி கிளீனர் எது நல்லது?

ப: எதுவும் வேண்டாம். ரெஜிஸ்ட்ரி என்பது விண்டோஸ் தன் அமைப்புகளை எழுதிவைக்கும் ஏடு. அதைச் சுத்தம் செய்வதாகச் சொல்லும் மென்பொருள்களை விண்டோஸைச் செய்தவர்களே ஆதரிப்பதில்லை.

கே (வேலூர்): எம்எஸ்கான்ஃபிக் என்ற விண்டோஸ் அமைப்புப் பெட்டியில் பிராசஸர் எண்ணிக்கையை 4 என்று வைத்தால் வேகம் கூடும் என்று ஒரு வீடியோவில் பார்த்தேன்.

ப: கூடாது. ஒன்றும் தேர்ந்தெடுக்காவிட்டால் விண்டோஸ் இருக்கிற எல்லாவற்றையும் பயன்படுத்தும். அந்தப் பெட்டி குறைத்துச் சோதிப்பதற்காக இருப்பது. பக்கத்தில் ‘மேக்ஸிமம் மெமரி’ என்று இன்னொன்று இருக்கும், அதைத் தொட்டவர்கள் கணினியைத் தூக்கிக்கொண்டு என்னிடம் வந்திருக்கிறார்கள்.

கே (நாகர்கோவில்): பிரிஃபெட்ச் ஃபோல்டரைத் தினமும் காலி செய்கிறேன். டெஸ்க்டாப் வந்ததும் 20 முறை ரெஃப்ரெஷும் செய்கிறேன். இன்னும் என்ன செய்யலாம்?

ப: இரண்டையும் நிறுத்தலாம். பிரிஃபெட்ச் என்பது எந்த மென்பொருளுக்கு எந்தத் துண்டுகள் வேண்டும் என்று விண்டோஸ் எழுதிவைத்த குறிப்பு. அழித்தால் அடுத்த முறை இன்னும் மெதுவாகத்தான் திறக்கும். ரெஃப்ரெஷ் என்பது டெஸ்க்டாப்பில் உள்ள ஐகான்களை மறுபடி வரைவது. ரேமைக் காலி செய்யாது, டிஸ்கைத் துடைக்காது.

கே (கோயம்புத்தூர்): ரெஃப்ரெஷ் பற்றிச் சொன்னதை ஏற்க முடியாது சார். 15 வருட அனுபவம். செய்தால் வேகமாகிறது, செய்யாவிட்டால் திணறுகிறது.

ப: நீங்கள் பார்த்தது பொய்யில்லை, காரணம்தான் வேறு. 20 முறை ரெஃப்ரெஷ் செய்ய அரை நிமிடம் ஆகிறது. அந்த அரை நிமிடத்தில் பின்னால் ஏறிக்கொண்டிருந்தவை ஏறி முடித்துவிடுகின்றன. சிக்னலில் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தால் பச்சை விழத்தான் செய்யும்.

கே (தஞ்சாவூர், கல்லூரி ஆய்வகப் பொறுப்பாளர்): அப்படியென்றால் நாங்கள் ஒவ்வொரு பேட்ச் மாணவருக்கும் முதல் வகுப்பில் சொல்லிக்கொடுப்பது?

ப: எனக்கும் முதல் வகுப்பில் அதைத்தான் சொல்லிக்கொடுத்தார்கள். நானும் எஃப்5 பட்டனின் எழுத்து தேயும் வரை தட்டியவன்தான். ஒரு சோதனை செய்யுங்கள்: ஒரே மாதிரி இரண்டு கணினிகள். ஒன்றில் ரெஃப்ரெஷ், இன்னொன்றில் கையைக் கட்டிக்கொண்டு உட்காருங்கள். ஒரு நிமிடம் கழித்து இரண்டிலும் பிரவுசரைத் திறந்து நேரம் பாருங்கள்.

கே (தூத்துக்குடி): நான் வேகத்துக்காகச் செய்வதில்லை. ஐகான்கள் ஒருமுறை மின்னி வந்தால் மெஷின் ஹேங் ஆகவில்லை என்று அர்த்தம். அதற்காகத்தான்.

ப: இது நான் யோசிக்காத கோணம். நாடி பிடித்துப் பார்ப்பது போல. இதற்கு மறுப்பில்லை, ஒருமுறை போதும்.

கே (தஞ்சாவூர், அதே பொறுப்பாளர்): செய்து பார்த்தேன். இரண்டுக்கும் வித்தியாசம் ஒரு நொடிகூட இல்லை. ஆனால் மாணவர்கள் நம்பமாட்டேன் என்கிறார்கள்.

ப: கோயம்புத்தூர்க்காரர் படிக்கிறாரா?

கே (கோயம்புத்தூர்): படிக்கிறேன். ஆய்வகக் கணினிகளில் எஸ்எஸ்டி இருக்கும். என்னுடையது ஹார்ட் டிஸ்க்.

ப: அப்படியானால் மேலே சேலத்துக்குச் சொன்ன பதிலைப் படியுங்கள்.

கே (திருவண்ணாமலை): சார், எஸ்எஸ்டி போட்டால் வேகமாகுமா?

ப: மேலே படியுங்கள்.

கே (விருதுநகர்): ரெஃப்ரெஷ்...

ப: இல்லை.

கே (புதுச்சேரி): விண்டோஸ் 11 போட்டால் சீக்கிரம் ஆன் ஆகுமா?

ப: அதற்காகப் போட வேண்டாம். விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது, பாதுகாப்புக்காக மாறுவது வேறு விஷயம். முதலில் உங்கள் போர்டில் டிபிஎம் 2.0 (விண்டோஸ் 11 கேட்கும் பாதுகாப்பு வசதி) இருக்கிறதா என்று பாருங்கள். மாறும் முன் காப்பி.

கே (திண்டுக்கல்): ஆண்ட்ராய்டு போன் ஆன் ஆக நேரமாகிறது.

ப: எனக்குப் போன் தெரியாது. போன் கடையில் கேளுங்கள்.

கே (ராமநாதபுரம்): கம்பெனியின் சின்னம் வந்து அப்படியே ஒன்றரை நிமிடம் நிற்கிறது. அதற்குப் பிறகு எல்லாம் வேகம். எஸ்எஸ்டிதான்.

ப: அளந்து கேட்ட உங்களுக்கு நன்றி. முதல் கட்டம், ஆக விண்டோஸைக் குறை சொல்ல முடியாது. யுஎஸ்பியில் செருகியிருப்பதையெல்லாம் பிடுங்குங்கள், கீபோர்டும் மவுஸும் தவிர. பின்பக்கம் மறந்துபோன பென்டிரைவ் ஒன்று இருக்கலாம். அப்படியும் நின்றால் பயாஸில் (விண்டோஸுக்கு முன் ஓடும் மதர்போர்டின் மென்பொருள்) பூட் வரிசையை, அதாவது எதிலிருந்து தொடங்குவது என்ற வரிசையைப் பாருங்கள், சில கணினிகள் முதலில் நெட்வொர்க்கில் விண்டோஸைத் தேடிவிட்டுத்தான் டிஸ்குக்கு வரும். உங்கள் எஸ்எஸ்டியை முதலில் வையுங்கள். புது போர்டு என்றால் டாஸ்க் மேனேஜரின் ஸ்டார்ட்அப் பக்கத்தில் மேல் மூலையில் ‘லாஸ்ட் பயாஸ் டைம்’ என்று இந்த நேரத்தை அதுவே காட்டும்.

கே (திருநெல்வேலி, ஓய்வுபெற்ற ஆசிரியர்): நீங்கள் சொன்னபடி அளந்தேன். 14 நொடி, 3 நிமிடம் 40 நொடி, 2 நிமிடம் 10 நொடி. எச்டிடி, 100 சதவீதம். அந்த மென்பொருள் மஞ்சளில் ‘காஷன்’ என்கிறது. சி5 என்ற வரிசையில் கடைசியில் 30 என்று இருக்கிறது. சி7-ல் பூஜ்யம். 30 அதிகமா?

ப: ஐயா, அது பதினாறடிமான எண், பத்துப் பத்தாக இல்லாமல் பதினாறு பதினாறாக எண்ணுவது. 30 என்றால் நம் கணக்கில் 48. படிக்க முடியாமல் டிஸ்க் ‘அப்புறம் பார்க்கலாம்’ என்று தள்ளிவைத்திருக்கும் இடங்கள் அவை. ஒவ்வொன்றையும் திரும்பத் திரும்பப் படித்துப் பார்ப்பதில்தான் உங்கள் நிமிடங்கள் போகின்றன. சி7 ஏறியிருந்தால் கேபிளைச் சந்தேகித்திருப்பேன், இங்கே டிஸ்கேதான். ஃபார்மேட் அடித்தால் தீராது, அடிக்கும்போதே அது போய்விடவும் வாய்ப்பு உண்டு.

இப்போதே அணைத்துவிடுங்கள். கையில் ஒரு எக்ஸ்டெர்னல் டிஸ்க் வரும் வரை ஆன் செய்ய வேண்டாம். வந்ததும் முதலில் குடும்பப் போட்டோக்கள், அப்புறம் பென்ஷன் காகிதங்கள், கடைசியில் பாட்டு, சினிமா. நடுவில் ஏதாவது ஒரு ஃபைல் காப்பி ஆகாமல் நின்றால் அதோடு மல்லுக்கட்டாமல் விட்டுவிட்டு அடுத்ததுக்குப் போங்கள். எல்லாம் வந்துவிட்டது என்று இன்னொரு கணினியில் திறந்து பார்த்த பிறகு எஸ்எஸ்டி வாங்கலாம்.