‘பொது நன்மைக்கான ஆய்வு’ என்று சொல்லிவிட்டால் இழப்பீடு தரத் தேவையில்லையா?

வாசகர் கேள்வி: என் தாயாருக்கு வயது 67. நீண்ட காலமாகச் சர்க்கரை நோய் உள்ளவர். கால் எரிச்சலுக்காகச் சென்னையில் ஒரு தனியார் மருத்துவமனைக்குச் சென்றபோது, புதிய மாத்திரை ஒன்றை ஆய்வு செய்வதாகவும், சேர்ந்தால் மருந்தும் பரிசோதனைகளும் இலவசம் என்றும் கூறி, ஆங்கிலத்தில் இருந்த படிவத்தில் கைரேகை வாங்கினார்கள். எழுதப் படிக்கத் தெரியாத அவருக்கு யாரும் அதைப் படித்துக் காட்டவில்லை, நகலும் தரவில்லை. ஏழாவது வாரத்தில் மயங்கி விழுந்தவர் 19 நாள்கள் அதே மருத்துவமனையில் இருந்தார். வலது காலில் வலு குறைந்து, இப்போது தடியின்றி நடக்க முடியவில்லை. இது வயதாலும் சர்க்கரையாலும் வந்தது என்று கூறி ரூ.2,10,000 கட்டச் சொல்கிறார்கள். ‘அரசின் நீரிழிவுத் திட்டத்துக்கே பயன்படப் போகும் பொதுச் சுகாதார ஆய்வு இது, இழப்பீடு என்ற பேச்சுக்கு இடமில்லை’ என்கிறார் மருத்துவர். ‘இனி எந்தக் கோரிக்கையும் இல்லை’ என்று எழுதிக் கொடுத்தால் கட்டணத்தில் பாதியைத் தள்ளுபடி செய்வதாகவும் சொல்கிறார்கள். நாங்கள் என்ன செய்வது?

வழக்கறிஞர் பதில்: முதலில், அந்தக் கடைசித் தாளில் தாங்களும் கையெழுத்திட வேண்டாம், தாயாரின் கைரேகையையும் வைக்க விட வேண்டாம். சட்டப்படி அவர் செலுத்த வேண்டியதே இல்லை என்று வாதிடக்கூடிய ஒரு தொகையில் பாதியைக் குறைப்பது சலுகை ஆகாது.

மருத்துவர் சொன்ன இரண்டு கூற்றுகளையும் பிரித்துப் பார்க்க வேண்டும். ஆய்வின் பயன் பொதுமக்களுக்குப் போகும் என்பது பொய்யென்று நான் சொல்ல மாட்டேன். 1956-இல் சென்னையில் தொடங்கிய காசநோய் ஆய்வு, நோயாளிகளைச் சானடோரியத்தில் வைத்து மருந்து கொடுப்பதற்கும் அவரவர் வீட்டிலேயே கொடுப்பதற்கும் பலனில் பெரிய வேறுபாடு இல்லை என்று காட்டியது; அதன்பின் உலகின் பல நாடுகள் தங்கள் காசநோய்க் கொள்கையையே மாற்றிக்கொண்டன. அந்த முடிவு இந்நகரத்தின் ஏழை நோயாளிகள் பங்கேற்றதால் கிடைத்தது. ஆனால் பயன் பொதுவுக்குப் போகிறது என்பதிலிருந்து, கெடுதலைப் பங்கேற்றவரே சுமக்க வேண்டும் என்ற இரண்டாவது கூற்று எப்படிப் பிறக்கிறது? நம் சட்டம் இதற்கு நேர் எதிரான நிலையை எடுத்திருக்கிறது: பலருக்குப் பயன்படும் அறிவுக்காக ஒருவர் தம் உடலை ஆபத்துக்கு உட்படுத்துவதால்தான், அந்த ஆபத்தின் செலவை ஆய்வை நடத்தும் நிறுவனம் ஏற்க வேண்டும் என்கிறது.

தங்களுக்குப் பொருந்தும் சட்டம், 1940-ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் அழகுசாதனப் பொருள்கள் சட்டத்தின் கீழ் 2019 மார்ச்சில் வெளியிடப்பட்ட புதிய மருந்துகள் மற்றும் மருந்துச் சோதனைகள் தொடர்பான விதிகள். ‘கிளினிக்கல் டிரையல்’ என்று மருத்துவமனையில் சொல்வதைத்தான் இங்கே மருந்துச் சோதனை என்கிறேன். அதன் 39-ஆம் விதிப்படி, சோதனையால் பாதிப்பு ஏற்பட்டால் ஸ்பான்சர், அதாவது ஆய்வுக்குப் பணம் போட்டு நடத்தும் நிறுவனம், இழப்பீடு தர வேண்டும். மருத்துவச் செலவு அதற்கு மேற்பட்டது. 40-ஆம் விதி இன்னும் முக்கியமானது. பங்கேற்பாளருக்குத் தேவைப்படும் வரை, அல்லது அந்தப் பாதிப்பு சோதனையுடன் தொடர்பில்லாதது என்று நிறுவப்படும் வரை, இவற்றில் எது முந்தியதோ அதுவரை இலவச மருத்துவம் தர வேண்டும் என்கிறது அது. ‘நிறுவப்படும் வரை’ என்ற சொற்களைக் கவனியுங்கள். ஆய்வை நடத்தியவரே ‘இது சர்க்கரையால் வந்தது’ என்று வாய்மொழியாகச் சொல்வது நிறுவுவதாகாது. அதற்கென்று ஒரு நடைமுறை இருக்கிறது. அது முடியுமுன் கட்டணச் சீட்டை நீட்டியது முறையல்ல.

அந்த நடைமுறை இது. பங்கேற்பாளர் உள்நோயாளியாகச் சேர்க்கப்பட்டாலோ, நிலையான ஊனம் அடைந்தாலோ, அது கடுமையான பாதக நிகழ்வு எனப்படும். முதன்மை ஆய்வாளர் 24 மணி நேரத்துக்குள் அதை மத்திய உரிம அதிகாரிக்கும் (இந்திய மருந்துக் கட்டுப்பாட்டுத் தலைமை அதிகாரிதான் இவர்), ஸ்பான்சருக்கும், ஆய்வுக்கு அனுமதி தந்து கண்காணிக்கும் மருத்துவமனையின் நெறிமுறைக் குழுவுக்கும் தெரிவிக்க வேண்டும். தாமதித்தால் காரணம் சொல்ல வேண்டும். ஆய்வாளரும் ஸ்பான்சரும் 14 நாள்களுக்குள் தத்தம் பகுப்பாய்வை அனுப்ப வேண்டும். நெறிமுறைக் குழு 30 நாள்களுக்குள் தன் கருத்தையும் இழப்பீட்டுத் தொகையையும் பரிந்துரைக்க, அதிகாரி 90 நாள்களுக்குள் ஆணை பிறப்பிப்பார். ஆணை கிடைத்த 30 நாள்களுக்குள் ஸ்பான்சர் பணம் செலுத்த வேண்டும். தங்கள் தாயாரின் நிகழ்வு இந்த வரிசையில் நுழைந்ததா என்பதே இப்போது நாம் அறிய வேண்டிய முதல் செய்தி. அது அறிவிக்கப்படவே இல்லை என்பது என் ஐயம்; அறிவிக்கப்பட்டிருந்தால், கையெழுத்து வாங்க இவ்வளவு அவசரம் ஏன்?

‘வயதும் சர்க்கரையும்’ என்ற வாதத்துக்கு 41-ஆம் விதியில் பதில் உண்டு. மருந்தின் பக்கவிளைவு மட்டும்தான் சோதனையால் வந்த பாதிப்பு என்று அது கருதவில்லை. அங்கீகரிக்கப்பட்ட ஆய்வுத் திட்டத்தை மீறியது, ஆய்வாளரின் கவனக்குறைவு, ஒப்பீட்டுக்காக மருந்தில்லாத வெற்று மாத்திரை கொடுக்கும் பிரிவில் வழக்கமான சிகிச்சையைத் தராமல் விட்டது, ஆய்வுக்காகச் செய்த ஒரு செயல்முறையால் விளைந்த கேடு ஆகியவையும் அதில் அடங்கும். ஆகவே தாயாரின் வழக்கமான சர்க்கரை மாத்திரைகள் ஆய்வுக்காக நிறுத்தப்பட்டனவா, அளவு மாற்றப்பட்டதா என்பதைக் கேட்டு எழுதி வையுங்கள். சர்க்கரையால் வந்ததாகவே இருந்தாலும், சர்க்கரையைக் கட்டுப்படுத்தாமல் விட்டது யார் என்ற கேள்வி எழும்.

தொகை எவ்வளவு வரும் என்பதை இதே விதிகளின் ஏழாம் அட்டவணைச் சூத்திரத்தின்படி சொல்கிறேன். உயிரிழப்புக்கான அடிப்படைத் தொகை ரூ.8 லட்சம்; அதை வயதுக் காரணியாலும் நோயின் ஆபத்துக் காரணியாலும் பெருக்கி 99.37-ஆல் வகுப்பார்கள். 65 வயதைக் கடந்தவர்களுக்கு வயதுக் காரணியே 99.37 என்பதால் அது அடிபட்டுப் போகும். ஆபத்துக் காரணி, ஆறு மாதங்களுக்கு மேல் உயிர்வாழ வாய்ப்பில்லாத நோயாளிக்கு 0.5 என்பதில் தொடங்கி, ஆரோக்கியமானவருக்கு 4 வரை செல்லும். தாயாரை மிதமான ஆபத்துள்ளவர் என்று 2-இல் வைத்தால், உயிரிழப்புக்கான தொகை ரூ.16 லட்சம். நிலையான ஊனத்துக்கு அந்தத் தொகையின் 90 விழுக்காட்டை ஊன விழுக்காட்டால் பெருக்க வேண்டும். மருத்துவ வாரியம் 30 விழுக்காடு ஊனம் என்று சான்றளித்தால் ரூ.4,32,000 வரும், ஆபத்துக் காரணியை 3 என்று ஏற்கச் செய்தால் ரூ.6,48,000. ஆகவே வாதாட வேண்டிய இடம் இந்தக் காரணிதான். ஊனம் நிலையானது அல்ல, குணமாகிவிடும் என்று முடிவானால், உள்நோயாளியாக இருந்த ஒவ்வொரு நாளுக்கும் டெல்லியின் பயிற்சியற்ற தொழிலாளிக்குரிய குறைந்தபட்சக் கூலியின் இருமடங்கு மட்டுமே கிடைக்கும். அது மிகச் சிறிய தொகை; எனவே அரசு மருத்துவமனையின் ஊனச் சான்றிதழை இப்போதே பெற முயலுங்கள்.

ஒப்புதல் படிவத்தைப் பொறுத்தவரை தங்கள் நிலை வலுவானது. பங்கேற்பாளருக்குப் புரியும் மொழியில், துறைச் சொற்கள் இன்றி விளக்கம் இருக்க வேண்டும். படிக்கத் தெரியாதவரானால் ஆய்வுடன் தொடர்பற்ற சாட்சி ஒருவர் உரையாடல் முழுவதும் உடனிருந்து கையெழுத்திட வேண்டும். தகவல் தாளும் படிவமும் நகலாகத் தரப்பட வேண்டும். வாரிசுதாரராக நியமிக்கப்படுபவரின் பெயரும் அதில் இருக்க வேண்டும். முற்றிலும் புதிய மூலக்கூறைச் சோதிக்கும்போது பங்கேற்பாளர் வறியவர் போன்ற பலவீன நிலையில் இருந்தால், ஒப்புதல் பெறும் நிகழ்வைக் காணொளியாகப் பதிவு செய்தாக வேண்டும். இந்தக் காணொளி விதி தானாக வந்ததல்ல. இந்தூரைச் சேர்ந்த சுவஸ்த்ய அதிகார் மஞ்ச் என்ற அமைப்பு 2012-இல் உச்ச நீதிமன்றத்தில் தொடுத்த பொதுநல வழக்கில், 2005-க்கும் 2012-க்கும் இடையே புதிய மருந்துச் சோதனைகளின்போது 2,644 பேர் இறந்ததாகவும், அவற்றில் 80 இறப்புகளே சோதனையால் நேர்ந்தவை என்றும் மத்திய அரசு கூறியது. 80-ஐச் சோதனைக்குரியவை என்றும் மீதியைப் பிறவற்றால் நேர்ந்தவை என்றும் பிரித்தவர் யார், எந்த முறையில் பிரித்தார் என்ற கேள்விக்கு நிறைவான விடை இல்லாததே பின்னர் வந்த இறுக்கமான விதிகளுக்கு ஒரு காரணம்.

இனி, ‘பொதுச் சுகாதார ஆய்வு’ என்ற சொல்லுக்கு வருகிறேன். ஆய்வுக்கு என்ன பெயர் சூட்டினாலும் அதன் இயல்பு மாறாது. 2009-இல் பாத் என்ற அமெரிக்கத் தொண்டு நிறுவனம், அன்றைய ஆந்திரத்தின் கம்மம் மாவட்டத்திலும் குஜராத்தின் வதோதராவிலும் 10 முதல் 14 வயதுச் சிறுமியர் ஏறத்தாழ 24,000 பேருக்குக் கருப்பை வாய்ப் புற்றுநோய்க்கான தடுப்பூசி போடும் திட்டத்தை, மாநில அரசுகளின் துணையுடன் செயல்விளக்கத் திட்டம் என்ற பெயரில் நடத்தியது. ஏழு சிறுமியர் இறந்தனர். அந்த இறப்புகளுக்குத் தடுப்பூசி காரணமாக இருக்க வாய்ப்பில்லை என்றே விசாரணைக் குழு கருதியது. ஆயினும் ஆந்திரத்தில் ஆராயப்பட்ட 9,543 ஒப்புதல் படிவங்களில் 2,763-இல் விடுதிக் காப்பாளர்களே கையெழுத்திட்டிருந்தனர். 1,948-இல் கைரேகை மட்டுமே இருந்தது. 2010 ஏப்ரலில் திட்டம் நிறுத்தப்பட்டது. 2013-இல் நாடாளுமன்ற நிலைக்குழு கடுமையாகக் கண்டித்தது. அந்தத் தடுப்பூசி நல்லதா என்பது வேறு கேள்வி; நல்ல மருந்தாக இருந்தாலும் ஒப்புதல் இன்றிப் போட்டது குற்றமற்றதாகிவிடாது என்பதுதான் இங்கே தங்களுக்கு உதவும் செய்தி.

பொது நலனுக்காகத் தனி மனித உரிமையை அரசு ஓரளவு கட்டுப்படுத்தலாம் என்பதை 2022 மே 2 அன்று, கொரோனா தடுப்பூசிக் கட்டாயத்தை எதிர்த்த ஜேக்கப் புளியேல் வழக்கில் உச்ச நீதிமன்றம் ஏற்றது. ஆனால் அதே தீர்ப்பில், உடலின் மீதான உரிமை அரசமைப்பின் 21-ஆம் பிரிவில் அடங்கும் என்றும், தடுப்பூசி போட்டுக்கொள்ள எவரையும் வற்புறுத்த முடியாது என்றும் கூறியது. அரசுக்கே இந்த எல்லை இருக்கும்போது, ஒரு மருந்து நிறுவனம் பொது நலனைக் கேடயமாக்க இடமில்லை.

மருத்துவர் உண்மையிலேயே வேறொரு வகை ஆய்வைச் சொல்கிறாரா என்பதையும் பார்த்துவிடுவோம். புதிய மருந்து அல்லாத உயிர்மருத்துவ, சுகாதார ஆய்வுகள் அதே விதிகளின் வேறு அத்தியாயத்தில் வருகின்றன; அவற்றுக்கு 43-ஆம் விதிப்படி இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் நெறிமுறைகள் பொருந்தும். சூத்திரம் மாறலாம், இலவச மருத்துவமும் இழப்பீடும் அங்கும் உண்டு. எது என்பதை இந்திய மருந்துச் சோதனைப் பதிவேட்டின் (CTRI) இணையதளத்தில் தாங்களே தேடலாம். முதல் பங்கேற்பாளரைச் சேர்க்குமுன் பதிவு செய்வது கட்டாயம். மருத்துவமனையின் பெயர், நோயின் பெயர் கொண்டு தேடினால் ஸ்பான்சரும் நெறிமுறைக் குழுவும் தெரியவரும்.

பிறகு தாயாரின் பெயரில், ஒப்புகையுடன் கூடிய விரைவுத் தபாலில், முதன்மை ஆய்வாளருக்கும் நெறிமுறைக் குழுத் தலைவருக்கும் ஸ்பான்சருக்கும் புதுடெல்லியிலுள்ள இந்திய மருந்துக் கட்டுப்பாட்டுத் தலைமை அதிகாரிக்கும் ஒரே கடிதத்தை அனுப்புங்கள். நிகழ்ந்த தேதிகள், ஒப்புதல் பெற்ற விதம், கட்டணக் கோரிக்கை ஆகியவற்றைச் சுருக்கமாக எழுதி, இலவச மருத்துவத்தையும் இழப்பீட்டையும் கேளுங்கள். சிகிச்சைப் பதிவேடுகளுக்குத் தனி விண்ணப்பம் கொடுங்கள். கேட்ட 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்பது மருத்துவர்களின் தொழில்நெறி விதி. தாயார் விரும்பினால் ஆய்விலிருந்து எப்போதும் விலகலாம். விலகுவதால் சிகிச்சை உரிமையோ இழப்பீட்டு உரிமையோ போகாது. எஞ்சிய இரத்த மாதிரிகளை அழிக்கும்படியும் அதே கடிதத்தில் கேட்கலாம். காவல் நிலையத்தில் உடனே புகார் கொடுக்க நான் பரிந்துரைக்க மாட்டேன். அது ஆவணங்கள் வெளிவருவதைத் தாமதப்படுத்தும்.

உரிய காலத்தில் ஆணை வராவிட்டால் உயர் நீதிமன்றத்தில் அரசமைப்பின் 226-ஆம் பிரிவின் கீழ் நீதிப்பேராணை மனு தாக்கல் செய்யலாம். நுகர்வோர் ஆணையத்தை நாடுவதானால், சோதனையில் இலவசமாகப் பங்கேற்றவர் நுகர்வோரா என்ற ஆட்சேபம் எழும் என்பதால் அதை இரண்டாவது வழியாகவே வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் இரண்டு ஆண்டுக் காலவரம்பு அங்கே உண்டு என்பதால் நாளைக் குறித்து வையுங்கள். வழக்கறிஞர் கட்டணத்துக்காகத் தயங்க வேண்டாம். பெண்கள் எவருக்கும், வருமானம் எவ்வளவாயினும், 1987-ஆம் ஆண்டின் சட்டப்பணிகள் ஆணையச் சட்டத்தின் 12-ஆம் பிரிவு இலவச சட்ட உதவி தருகிறது. மாவட்ட நீதிமன்ற வளாகத்திலுள்ள மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் தாயாரின் பெயரிலேயே விண்ணப்பம் கொடுங்கள், அல்லது 15100 என்ற எண்ணை அழையுங்கள்.