காது மெழுகுவர்த்தி குறும்பியை எடுக்குமா?

கேள்வி: என் அம்மாவுக்கு 63 வயது. ஒரு வாரமாக வலது காது அடைத்த மாதிரி இருக்கிறது என்கிறார். ஆன்லைனில் காது மெழுகுவர்த்தி (ஒரு முனையைக் காதில் வைத்து மறுமுனையைக் கொளுத்தும் மெழுகுத் துணிக் குழல்) வாங்கி வைத்திருக்கிறேன். எரிந்து முடிந்ததும் குழலுக்குள் மஞ்சளாக அழுக்கு நிற்பதை வீடியோவில் பார்த்தேன். அம்மாவுக்குச் செய்து பார்க்கலாமா?

பதில்: வேண்டாம். வீடியோவில் பார்த்த அந்த மஞ்சள் அழுக்கு காதிலிருந்து வந்ததல்ல. நீங்கள் வாங்கியதில் ஒன்றை இடுக்கியில் பிடித்து, காதுக்குப் பதிலாகத் தண்ணீர் வைத்த பாத்திரத்துக்கு மேலே எரியவிடுங்கள். அணைத்து ஆறியபின் அடிப்பகுதியை வெட்டிப் பார்த்தால் அதே மஞ்சள் மாவும் மெழுகுக் கட்டியும் இருக்கும். மெழுகு தோய்த்த துணி முழுதாக எரியாமல் தேங்குவதுதான் அது.

சுடரின் வெப்பம் காதுக்குள் வெற்றிடத்தை உண்டாக்கி அழுக்கை உறிஞ்சும் என்று விற்பவர்கள் சொல்கிறார்கள். அமெரிக்கக் காது மூக்கு தொண்டை மருத்துவர்கள் இதை அளந்தே பார்த்து 1996இல் வெளியிட்டார்கள். உறிஞ்சும் அழுத்தம் எதுவும் உண்டாகவில்லை. குறும்பி துளியும் வெளியே வரவில்லை. சில காதுகளில் மெழுகுதான் புதிதாகப் படிந்திருந்தது. யோசித்தால் வியப்பில்லை: தோலோடு ஒட்டிக் கிடக்கும் குறும்பியைப் பிடுங்கும் அளவுக்கு உறிஞ்சினால் செவிப்பறை கிழிந்துவிடும்.

அதே ஆய்வில் 122 மருத்துவர்களிடம் விசாரித்தபோது, இதனால் ஏற்பட்ட 21 காயங்கள் தெரியவந்தன. பெரும்பாலானவை தீக்காயங்கள். உருகிய மெழுகு காதுக்குழாயை அடைத்ததும் உண்டு, செவிப்பறையில் ஓட்டை விழுந்ததும் உண்டு. அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2010இல் தயாரிப்பாளர்களுக்கு எச்சரிக்கைக் கடிதங்கள் அனுப்பியது. அமெரிக்கப் பூர்வகுடியான ஹோப்பி மக்களின் வைத்தியம் என்றும் பெட்டியில் போடுவார்கள். அந்த மக்களே அதை மறுத்துவிட்டார்கள்.

குறும்பி அழுக்கல்ல, காதுத் தோலுக்கான காப்பு. குழாயின் வெளிப்பகுதியில் மட்டுமே அது சுரக்கிறது. உள்ளிருந்து வெளியே மெல்ல நகரும் தோலோடு தானாகவே வந்து உதிர்ந்துவிடும். பட்ஸ், சேஃப்டி பின், ஹேர்பின் விட்டுக் குடைபவர்கள் அதை உள்ளே தள்ளி இறுக்கிவிடுகிறார்கள். காது கேட்கும் கருவி போடுபவர்களுக்கும் வயதானவர்களுக்கும் அடைப்பு அடிக்கடி வரும். குளித்ததும் திடீரென்று அடைத்துக்கொண்டால், ஏற்கெனவே இருந்த குறும்பி தண்ணீரில் ஊறி உப்பியிருக்கலாம்.

அம்மாவுக்குக் காதில் சீழ், வலி, செவிப்பறை ஓட்டை, முன்பு காது அறுவை சிகிச்சை எதுவும் இல்லையென்றால் குறும்பியை இளக்கும் சொட்டு மருந்து விடலாம். பாட்டிலைக் கொஞ்ச நேரம் உள்ளங்கையில் வைத்து, உடல் சூட்டுக்கு வந்ததும் விடுங்கள். சில்லென்று விட்டால் தலை சுற்றும். நாளைக்கு இரண்டு வேளை, மூன்றிலிருந்து ஐந்து நாள் போதும். முதல் ஓரிரு நாள் அடைப்பு கூடினாற்போல் இருக்கும், பயப்பட வேண்டாம். எண்ணெயில் பூண்டைக் காய்ச்சி ஊற்றுவது நம் வீடுகளில் பழக்கம். காது சுட்டுப்போய் வருபவர்களைப் பார்ப்பதால் அதையும் வேண்டாம் என்கிறேன். சொட்டு மருந்தில் சரியாகாவிட்டால் மருத்துவர் உறிஞ்சு கருவியாலோ வெதுவெதுப்பான நீர் பாய்ச்சியோ சில நிமிடங்களில் எடுத்துவிடுவார். சர்க்கரை நோய் இருந்தால் முதலிலேயே அவரிடம் சொல்லிவிடுங்கள். சர்க்கரை நோயாளிகளுக்குக் காதுக்குழாயில் சிறு கீறல் விழுந்தாலும் தொற்று கடுமையாகிவிடலாம்.

ஆனால் சொட்டு மருந்துக்கும் முன்னால் அம்மாவிடம் ஒன்று கேளுங்கள். அடைப்பு மெல்ல மெல்ல வந்ததா, தூங்கி எழுந்தபோது திடீரென்று வந்ததா? வலி இல்லாமல் ஒரு காது சட்டென்று மந்தமாகி, கூடவே இரைச்சலும் தலைசுற்றலும் இருந்தால் அது குறும்பியாக இல்லாமல் உள்காது நரம்புக் கோளாறாக இருக்கலாம். வெளியே பார்க்க இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். வாயை மூடி 'ம்ம்ம்' என்று ஓசை எழுப்பச் சொல்லுங்கள். குறும்பி அடைப்பென்றால் பெரும்பாலும் அடைத்த காதில்தான் உரக்கக் கேட்கும். நல்ல காதில் உரக்கக் கேட்டால் சந்தேகப்பட வேண்டும். இது வெறும் துப்புதான், பரிசோதனைக்கு ஈடாகாது. நரம்புக் கோளாறுக்கு ஸ்டீராய்டு சிகிச்சையை முதல் இரண்டு வாரத்துக்குள் தொடங்கினால்தான் கேட்கும் திறன் திரும்பும் வாய்ப்பு அதிகம். அதில் ஒரு வாரம் போய்விட்டது. திடீரென்று வந்ததென்று அம்மா சொன்னால் இன்றே காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் கூட்டிப்போங்கள்.