வீட்டையும் ஓட்டிக்கொண்டு போகலாமா?

கேள்வி: நானும் மனைவியும் பள்ளி ஆசிரியர்களாக இருந்து ஓய்வு பெற்றவர்கள். டல்லாஸில் மகனோடு இருக்கிறோம், கிரீன் கார்டு உண்டு, எனக்கு 66, அவளுக்கு 63. ஒரு ஆர்.வி.யை (படுக்கை, அடுப்பு, கழிப்பறை எல்லாம் உள்ள வீட்டு வண்டி) வாடகைக்கு எடுத்துக் கிராமப்புறமாக நிதானமாகப் போய்வர ஆசை. முதல் பயணத்துக்கு எந்தப் பாதை நல்லது? (வாசகர், டல்லாஸ்)

பதில்: நாட்செஸ் டிரேஸ் பார்க்வே. யோசிக்கவே வேண்டாம், ஐயா. மிசிசிப்பியில் நாட்செஸ் என்ற ஆற்றங்கரை ஊரில் ஆரம்பித்து, அலபாமாவின் ஒரு மூலையைத் தொட்டுக்கொண்டு, டென்னசியில் நாஷ்வில் பக்கம் முடிகிற 444 மைல் சாலை அது. லாரி வராது, விளம்பரப் பலகை கிடையாது, வேக வரம்பு பெரும்பாலும் 50 மைல்தான், முதல்முறையாக 25 அடி வண்டியைப் பிடிப்பவருக்கு வேறென்ன வேண்டும்? நாங்கள் 11 நாள் எடுத்துக்கொண்டோம். என் மைத்துனர் அதை ஒரே நாளில் முடித்தாராம், என்ன பார்த்தார் என்று கேட்டால் பேச்சை மாற்றிவிடுகிறார்.

ஆர்.வி.க்காரர்களிடம் ஒரு மூன்று-மூன்று-மூன்று கணக்கு உண்டு: ஒரு நாளில் 300 மைலுக்கு மேல் ஓட்டாதே, மதியம் 3 மணிக்குள் இடம் சேர், ஒரே இடத்தில் 3 நாள் இரு. நம் வயதுக்கு அந்த 300-ஐ 100 என்றே வைத்துக்கொள்ளலாம்.

வழியில் ராக்கி ஸ்பிரிங்ஸ், ஜெஃப் பஸ்பி, மெரிவெதர் லூயிஸ் என்று மூன்று முகாம்கள், மூன்றும் இலவசம், முன்பதிவு கிடையாது, முந்தி வந்தவருக்கு இடம். அதனால்தான் அந்த 3 மணிக் கணக்கு. ஆனால் மின்சாரமும் இல்லை, குளிக்கும் அறையும் இல்லை, கழிவைக் கொட்டும் இடமும் இல்லை. பார்க்வே மேலேயே பெட்ரோல் பங்க்கும் கிடையாது, பக்கத்து ஊருக்குள் இறங்கித்தான் போட வேண்டும். கேலனுக்கு 8, 10 மைல் கொடுக்கிற வண்டி, பாதி டேங்க் காலியானதுமே இறங்கிவிடுங்கள்.

அந்தப் பாதையின் கதை எனக்கு ரொம்பப் பிடிக்கும். நாட்செஸ், சோக்டா, சிக்கசா என்ற பூர்வகுடி மக்கள் நடந்து நடந்து போட்ட தடம் அது. 1800-களின் தொடக்கத்தில் கென்டக்கிப் பக்கத்துப் படகுக்காரர்கள் சரக்கை ஏற்றி ஆற்றோடு மிதந்து நாட்செஸுக்கு வருவார்கள், சரக்கை விற்று, படகையும் பலகை விலைக்கு விற்றுவிட்டு, இந்த வழியாகவே ஊருக்கு நடப்பார்கள். ஆற்றை எதிர்த்துப் போகும் நீராவிப் படகு வந்ததும் நடக்க ஆளில்லாமல் போனது. நாட்செஸிலிருந்து 41-வது மைல் பக்கம் பழைய தடம் பூமிக்குள் அமிழ்ந்து ஓடை மாதிரி கிடக்கிறது, இறங்கி நடந்து பாருங்கள். 122-வது மைலில் சைப்ரஸ் சதுப்பு நிலம், மரப்பாலத்தில் ஒரு சுற்று, முதலை இருக்கும் என்று பலகை வேறு.

மெரிவெதர் லூயிஸ் முகாமுக்குப் பக்கத்தில்தான் அந்த லூயிஸின் சமாதி. கிளார்க் என்ற கூட்டாளியோடு நாட்டைக் கடந்து பசிபிக் கடல்வரை போய்வந்தவர், 1809-இல் அங்கே ஒரு சத்திரத்தில் குண்டுபட்டு இறந்தார், தற்கொலையா கொலையா என்று இன்னும் வாதாடுகிறார்கள். இதைப் பகலில் சொல்லித் தொலைத்தேன், அன்று ராத்திரி என் மனைவி வண்டியைவிட்டு இறங்கவே இல்லை.

உங்கள் இருவருக்கும் 62 தாண்டிவிட்டது, கிரீன் கார்டும் இருக்கிறது, தேசியப் பூங்காக்களுக்கு 80 டாலருக்கு ஆயுள் முழுக்கச் செல்லும் சீனியர் பாஸ் வாங்கிவிடுங்கள். டிரேஸுக்குத் தேவையில்லை, நுழைவுக் கட்டணமே கிடையாது. ஆனால் அந்தப் பாஸ் இருந்தால் அமெரிக்க ராணுவப் பொறியாளர் பிரிவு நடத்தும் ஏரிக்கரை முகாம்களில் பாதி வாடகைதான், அங்கே பெரும்பாலும் மின்சாரமும் இருக்கும்.

கேள்வி: சமையல், கழிப்பறையெல்லாம் எப்படி? (வாசகி, ஹூஸ்டன்)

பதில்: சமையல் சுலபம், அம்மா. கேஸ் அடுப்பு உண்டு, சின்ன குக்கர் எடுத்துப் போங்கள், மின்சாரமில்லாத முகாமில் ரைஸ் குக்கர் வெறும் சுமை. தாளிக்கும்முன் கூரை ஃபேனைப் போட்டுவிடுங்கள், மிளகாய் வற்றலுக்குப் புகை அலாரம் கத்தினால் முகாமே எழுந்துவிடும்.

கழிப்பறைத் தண்ணீர் ஒரு தொட்டிக்கும், சிங்க், குளியல் தண்ணீர் இன்னொரு தொட்டிக்கும் போகும். கொட்டும்போது கழிப்பறைத் தொட்டியை முதலில் திறக்க வேண்டும், அப்புறம் மற்றது, அந்தத் தண்ணீரே குழாயை அலசிவிடும். கையுறை கட்டாயம். குழாய் சரியாகப் பூட்டியிருக்கிறதா என்று இரண்டு தடவை பாருங்கள். நான் ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை, ஒரு ஜோடி செருப்பை அங்கேயே விட்டுவிட்டு வந்தேன்.

கேள்வி: காரில் போய் ஓட்டலில் தங்கினால் செலவு குறையுமே? (வாசகர், கோவை)

பதில்: குறையும். வாடகை, பெட்ரோல் எல்லாம் சேர்த்தால் ஆர்.வி. மலிவே இல்லை. எனக்குச் சர்க்கரை, ஒரு மணிக்கு ஒருதரம் பாத்ரூம், அது கூடவே வருகிறது, அவ்வளவுதான்.

கேள்வி: 25 அடிக்குள் இரண்டு பேர், சண்டை வராதா? (வாசகி, சென்னை)

பதில்: வரும், வண்டியைப் பின்னால் எடுக்கும்போது. என் மனைவி காட்டும் கை கண்ணாடியில் எனக்குத் தெரியாது, நான் கத்துவது அவளுக்குக் கேட்காது. இப்போது ஓட்டுவது அவள், கை காட்டுவது நான். போன வாரம் ஒரு முகாமில் மர மேசையை இடித்தோம், யார் தப்பு என்று இன்னும் முடிவாகவில்லை.